ஸ்டீவன்சனோடு நாபா, ஜாக் லண்டனோடு சொனோமா: இலையுதிர்காலத்தில் ஒருநாள் போய்வரும் முறை

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்குக்குப் போக வழி கேட்டால் எல்லோரும் ஒயின் ஆலைகளின் பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் இன்னொன்று. மூன்றாவது ஆலைக்குள் நுழையும்போது முதலாவதில் என்ன குடித்தோம் என்பதே மறந்திருக்கும். இந்தக் குறிப்பு அப்படிச் சுற்ற விரும்புகிறவர்களுக்கானது அல்ல. கையில் ஒரு புத்தகத்தோடு போய், ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒயினைச் சுவைத்து, மீதி நேரத்தை இரண்டு எழுத்தாளர்களின் தடம் பார்ப்பதில் செலவிட நினைப்பவர்களுக்கானது.

அந்த இருவர், ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனும். 1880 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபானியை மணந்த ஸ்டீவன்சன், கையில் காசும் உடம்பில் தெம்பும் இல்லாமல் நாபாவின் வடகோடியில் கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் தொழிலாளர் குடிலில் வாடகை கொடுக்காமல் குடியேறினார். லண்டனோ 1905-இல், புகழின் உச்சியில், மலைக்கு மறுபுறம் சொனோமாவில் உள்ள க்ளென் எல்லன் ஊரில் நிலம் வாங்கினார். இருவரின் இடங்களுக்கும் நடுவே மயகாமஸ் மலைத்தொடர் கிடக்கிறது. அதை எங்கே கடப்பது, மாலை ஐந்து மணிக்குள் எப்படி முடிப்பது என்பவைதான் இந்தப் பயணத்தின் இரண்டு சிக்கல்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வருவது, கார் எடுப்பது பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கார் இல்லாமல் இதை ஒரே நாளில் முடிக்க முடியாது.

படி 1: முன்னதாகப் படிக்க வேண்டியது

ஸ்டீவன்சனின் ‘தி சில்வராடோ ஸ்க்வாட்டர்ஸ்’ சிறிய புத்தகம். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் நாபா ஒயின், கடல் மூடுபனி, கல்மரக்காடு ஆகியவற்றைப் பற்றிய மூன்று அத்தியாயங்களைப் படித்தால் போதும். அவற்றை அச்செடுத்துக்கொண்டு போங்கள் என்பேன். மலையில் செல்பேசித் திரை வெயிலில் தெரியாது, சிக்னலையும் நம்ப முடியாது. தொலைபேசியில் முதன்முதலாகப் பேசிய அனுபவத்தைக் கலிஸ்டோகா ஊரில் வைத்து எழுதியவர் ஸ்டீவன்சன். பல மைல் தள்ளியிருந்த ஒரு கோச்சு வண்டிக்காரரோடு, பேச விஷயமே இல்லாமல் பேசினாராம். அதே ஊரைத் தாண்டி மலையேறும்போது நம் கருவி மௌனமாகிவிடலாம். அதனால் வரைபடத்தையும் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

லண்டனுக்கு 1913-இல் வந்த இரண்டு நூல்கள். க்ளென் எல்லன் பக்கத்து நிலக்கனவைச் சொல்லும் நாவல் ‘தி வேலி ஆஃப் தி மூன்’. குடிப்பழக்கத்தோடு தான் நடத்திய போராட்டத்தைச் சொல்லும் தன்வரலாறு ‘ஜான் பார்லிகார்ன்’. ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். லண்டன் தன் பண்ணையிலிருந்து குதிரையேறிக் கீழே ஊருக்கு வாக்களிக்கப் போகும் ஒரு வெதுவெதுப்பான பிற்பகலில் அது தொடங்குகிறது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வாக்களித்ததற்கு அவர் மனைவியிடம் சொல்லும் காரணம், பெண்கள் வாக்களித்தால் மதுவை ஒழிப்பார்கள் என்பது. ஒயின் நாட்டுப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்க்குரல் கிடைக்காது.

படி 2: நாளைக் குறிப்பது

அறுவடை ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். திராட்சை ஏற்றிய லாரிகளையும் நொதிக்கும் வாசனையையும் விரும்புகிறவர்கள் செப்டம்பர் கடைசியில் போகலாம். இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் நடு வரை போக வேண்டும். என் ஓட்டு நவம்பருக்கு. கூட்டம் குறைவு. ஸ்டீவன்சன் பிறந்தது நவம்பர் 13, லண்டன் இறந்தது நவம்பர் 22 என்பது கூடுதல் காரணம். (ஸ்டீவன்சன் அந்தச் சுரங்கத்தில் தங்கியது கோடையில். ஆகவே புத்தகத்தில் செம்மஞ்சள் இலைகளைத் தேடாதீர்கள்.)

இலைகளைப் பற்றி ஒரு செய்தி சொல்லி நகர்கிறேன். ஆரோக்கியமான திராட்சைக் கொடிகளின் இலைகள் பெரும்பாலும் மஞ்சளாகத்தான் மாறும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, ஓரம் உள்நோக்கிச் சுருண்டு அடர்சிவப்பாக நிற்கும் கருந்திராட்சைக் கொடியைப் பார்த்தால், அது இலைச்சுருள் வைரஸ் தாக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லோரும் நின்று படமெடுக்கும் அந்தச் சிவப்பு, தோட்டக்காரருக்கு வயிற்றெரிச்சல்.

கிழமை முக்கியம். செயின்ட் ஹெலெனாவில் உள்ள ஸ்டீவன்சன் அருங்காட்சியகம் வழக்கமாக ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் நண்பகலில்தான் திறக்கும். ஆக, செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள். புறப்படுமுன் அவர்கள் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

காட்டுத்தீயையும் மறக்கக் கூடாது. 2017 அக்டோபரில் கலிஸ்டோகா அருகே தொடங்கிய டப்ஸ் தீயும், க்ளென் எல்லன் பக்கம் எரித்த நன்ஸ் தீயும், 2020 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய கிளாஸ் தீயும் இதே பருவத்தில் வந்தவை. வறண்ட காற்று வீசும் நாட்களில் வானிலைத் துறை சிவப்புக்கொடி எச்சரிக்கை விடும். அது வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அடம்பிடித்துப் போனாலும் பூங்காக்கள் மூடியிருக்கும், மின்சாரமும் துண்டிக்கப்பட்டிருக்கலாம்.

படி 3: ஒரே ஒரு முன்பதிவு

நாபாவில் ஒயின் ஆலைக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. 1990-இல் மாவட்டம் கொண்டுவந்த விதியின்படி, அதற்குப் பிறகு வந்த ஆலைகளில் முன்பதிவு இல்லாமல் டேஸ்டிங் (ஒயினைச் சுவைத்துப் பார்ப்பது) கிடையாது. பழைய ஆலைகள் பலவும் இப்போது அதே வழக்கத்துக்கு வந்துவிட்டன. இந்தப் பயணத்துக்குப் பொருந்துவது ஷ்ராம்ஸ்பெர்க். ஜேகப் ஷ்ராம் என்ற ஜெர்மானிய முடிதிருத்துநர் 1862-இல் தொடங்கியது. ஸ்டீவன்சன் நேரில் வந்து, மலையைக் குடைந்த அந்த நிலவறையைக் கொள்ளையர் குகை என்று வியந்து, கொடுத்ததையெல்லாம் சுவைத்துப் பார்த்த இடம். அந்தக் குகைகளைக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். நடுவில் பாழடைந்து, 1965-இல் டேவிஸ் தம்பதியர் கைக்கு வந்த பிறகு நுரைக்கும் ஒயினுக்குப் பெயர் பெற்றது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சூ என்லாயோடு கோப்பை உயர்த்தியபோது அதில் இருந்தது இந்த ஆலையின் ஒயின்தான்.

காலை பதினொரு மணி ஒட்டிய நேரத்தைப் பதிவு செய்யுங்கள். 21 வயது நிரம்பாதவர்களுக்கு டேஸ்டிங் இல்லை. கட்டணம் கையைக் கடிக்கும், ஒயின் குடிக்காதவர்கள் இதை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் கலிஸ்டோகாவில் கழிக்கலாம்.

படி 4: மலையில் காலை

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கலிஸ்டோகா ஏறத்தாழ 75 மைல். விடியுமுன் கிளம்புங்கள். நாபா ஊரைத் தாண்டியதும் 29-ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு, கிழக்கே அதற்கு இணையாக ஓடும் சில்வராடோ டிரெயில் சாலையைப் பிடிப்பது என் வழக்கம். போக்குவரத்து விளக்குகள் குறைவு.

கலிஸ்டோகாவிலிருந்து 29-லேயே வடக்கே ஏழு மைல் போல மலையேறினால், கணவாயின் உச்சியில் ஸ்டீவன்சன் பெயர் கொண்ட மாநிலப் பூங்கா வரும். வாசல் இல்லை, சீட்டு இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறையும் இல்லை. கலிஸ்டோகாவிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாலையின் இருபுறமும் மண் தரையில் கார் நிறுத்தலாம், இருபுறமும் நடைபாதை தொடங்குகிறது, இரண்டும் அதே பூங்காவைச் சேர்ந்தவை. கிழக்குப் பக்கம் போவது டேபிள் ராக் பாறைக்கு. அழகான பாதைதான், ஆனால் ஸ்டீவன்சனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நமக்கு வேண்டியது மேற்குப் பக்கம். படிகளில் ஏறியதும் ஒரு சிறிய சமதளம் வரும். புத்தகத்தில் வரும் சுங்கச்சாவடி விடுதி நின்றது அங்கேதான். அதைத் தாண்டி, மரநிழலில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒரு மைல் அளவு நடந்தால் நினைவுச்சின்னம். திறந்த புத்தக வடிவில் செதுக்கிய கல்லை நாபா மாவட்ட மகளிர் மன்றங்கள் 1911-இல் நிறுவின. குடில் இப்போது இல்லை. கல்லுக்குப் பின்னால் ஏறும் சரிவையும் மேலே சுரங்கத்தின் மிச்சத்தையும் பார்த்தால், ஒரு மணமகள், பன்னிரண்டு வயதுப் பையன், இருமும் கணவன் ஆகியோர் அங்கே எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று மலைப்பாக இருக்கும்.

இதற்கு மேல் உச்சிக்குப் போகாதீர்கள். சாலையிலிருந்து உச்சிக்கு ஒருவழி ஐந்து மைல், நிழலற்ற பாதை. அது தனி நாளுக்கான வேலை. நினைவுச்சின்னத்தில் உட்கார்ந்து கடல் மூடுபனி பற்றிய அத்தியாயத்தை வாசியுங்கள். கீழே பள்ளத்தாக்கை வெள்ளை மூடியிருக்கும் காலை வாய்த்தால், இறங்கும் வழியில் மரங்கள் விலகும் இடங்களில் தலை நீட்டிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: வழியோரம் சிவந்து மினுங்கும் மூவிலைச் செடி ஒன்றைப் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்த ஒருவர், ஒரு வாரம் கை வீங்கி அவதிப்பட்டதாக எழுதியிருந்தார். அது பாய்சன் ஓக். இலையுதிர்காலத்தில் அந்த மலையிலேயே அழகான சிவப்பு அதுதான். இலை உதிர்ந்த குச்சியும் தோலைக் கொப்பளிக்க வைக்கும். முழுக்கால் சட்டை அணியுங்கள், எதையும் பறிக்காதீர்கள்.

படி 5: ஒயினும் அருங்காட்சியகமும்

ஷ்ராம்ஸ்பெர்க் கலிஸ்டோகாவுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. கார் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. சுவைத்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் கேட்டால் கொடுப்பார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பாட்டில் வாங்கினால் ஐஸ் பெட்டியில் வையுங்கள், பூட்டிய காரின் வெப்பம் அதைக் கெடுத்துவிடும். திறந்த பாட்டிலை இருக்கை அருகே வைத்து ஓட்டுவது கலிஃபோர்னியாவில் குற்றம். அது டிக்கிக்குள் போக வேண்டும்.

நண்பகலுக்குச் செயின்ட் ஹெலெனா. ஸ்டீவன்சன் அருங்காட்சியகம் ஊர்ப் பொது நூலகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது, அனுமதி இலவசம். சிறிய இடம், ஆனால் கையெழுத்துப் பிரதிகளும் முதல் பதிப்புகளும் நிறைந்தது.

நாபா ஒயின் அத்தியாயத்தை இங்கே மறுபடி ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற வரவேற்புப் பலகையில் ‘ஒயின் என்பது பாட்டிலில் அடைத்த கவிதை’ என்று ஸ்டீவன்சனின் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எல்லோரும் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. அப்படிப்பட்ட ஒயினைத் தரும் மண் இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் புதருக்குள் மறைந்து கிடக்கிறது என்று போகிறது. அவர் பார்த்த நாபா, எந்த மண்ணில் எந்தத் திராட்சை என்று தடவிக்கொண்டிருந்த இடம். ஐரோப்பாவின் தோட்டங்களை ஃபைலாக்ஸெரா பூச்சி அழித்துக்கொண்டிருந்த காலம் அது. பலகை பாராட்டாக மாற்றிவிட்ட அந்த வரி, எழுதப்பட்டபோது ஒரு எதிர்பார்ப்பு. பலகைக்காக வண்டியைத் திருப்ப வேண்டாம், புத்தகத்தில் இருக்கும் வாக்கியமே மேல்.

படி 6: மலையைக் கடப்பது

வரைபடத்தில் நாபாவும் சொனோமாவும் ஒட்டிப் பிறந்தவைபோல் தெரியும். வழிகாட்டிச் செயலி பெரும்பாலும் ஓக்வில் கிரேடு, டிரினிட்டி சாலை வழியைக் காட்டும். தூரம் குறைவு, உண்மைதான். ஆனால் செங்குத்தான ஏற்றமும் கொண்டை ஊசி வளைவுகளுமாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னிருக்கையில் இருப்பவர்களின் குடலைப் புரட்டிவிடும் பாதை அது. இறக்கத்தில் பிரேக்கும் சூடேறும். மலைச்சாலைப் பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

நான் சொல்வது வேறு: செயின்ட் ஹெலெனாவிலிருந்து கலிஸ்டோகாவுக்குத் திரும்புங்கள். அங்கிருந்து பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் சாலையில் மேற்கே ஏறி, கலிஸ்டோகா சாலையில் தெற்கே இறங்கினால், சான்டா ரோசாவின் கிழக்கு விளிம்பில் 12-ஆம் எண் நெடுஞ்சாலை கிடைக்கும். அதில் கென்வுட் தாண்டி க்ளென் எல்லன். இதிலும் வளைவுகள் உண்டு, ஆனால் தாங்கக்கூடியவை. வழியில்தான் கல்மரக்காடு. எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லான மரங்கள். அதைக் கண்டெடுத்த சார்லி என்ற முன்னாள் கப்பலோட்டியை ஸ்டீவன்சன் சந்தித்து, கல்மரங்களைவிட அந்த மனிதரைத்தான் அதிகம் ரசித்து எழுதினார். உள்ளே போகக் கட்டணம் உண்டு. மணி இரண்டைத் தாண்டியிருந்தால் நிற்காமல் போய்விடுங்கள், ஏனென்றால் அடுத்த இடம் காத்திருக்காது.

செயலியை நம்பி இருப்பவர்கள் கவனிக்க: நடுவே கலிஸ்டோகாவை ஒரு நிறுத்தமாகச் சேர்த்தால்தான் அது இந்த வழியைக் காட்டும். இல்லாவிட்டால் செயின்ட் ஹெலெனாவிலிருந்து நேராக ஸ்பிரிங் மவுன்டன் சாலையில் ஏற்றிவிடக்கூடும், அதுவும் குறுகலானது.

படி 7: ஜாக் லண்டன் பண்ணை

பூங்கா ஐந்து மணிக்கு மூடும். மூன்று மணிக்குள் உள்ளே இருந்தால் நிம்மதி. காருக்குக் கட்டணம் உண்டு. மாநில அரசு 2012-இல் இழுத்து மூடவிருந்த இந்தப் பூங்காவை உள்ளூர்த் தன்னார்வ அமைப்பு ஒன்று ஏற்று நடத்துகிறது, ஆகவே அந்தக் காசு நல்ல இடத்துக்குத்தான் போகிறது.

உள்ளே இரண்டு நிறுத்துமிடங்கள். முதலில் அருங்காட்சியகத்தை ஒட்டியதில் நிறுத்துங்கள். அந்தக் கல்வீடு, லண்டன் இறந்த பிறகு மனைவி சார்மியன் கட்டியது. அங்கிருந்து போகவர ஏறத்தாழ 1.2 மைல் நடந்தால் வுல்ஃப் ஹவுஸ். எரிமலைக் கல்லும் செம்மரமுமாக, லண்டன் பார்த்துப் பார்த்துக் கட்டிய மாளிகை. குடிபுகுமுன்பே 1913 ஆகஸ்ட் 22 இரவில் எரிந்தது. யாரோ வைத்த தீ என்ற பேச்சு பல காலம் ஓடியது. 1995-இல் ஆராய்ந்த வல்லுநர் குழு, ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகவே பற்றிக்கொண்டிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. நிற்கும் சுவர்களைச் சுற்றி வரலாம், உள்ளே போக முடியாது. வழியில் பிரியும் கிளைப்பாதையில் லண்டனின் சாம்பல் மீது வைக்கப்பட்ட பாறை இருக்கிறது. பெயர்ப்பலகையைத் தேடாமல் மரவேலியைத் தேடுங்கள்.

நேரம் மிஞ்சினால் காரை மற்ற நிறுத்துமிடத்துக்கு எடுத்துப்போய், 1916-இல் அவர் நாற்பது வயதில் இறந்த குடிலையும், அதன் பக்கத்தில் இடிந்து நிற்கும் பழைய கோலர்-ஃப்ரோலிங் ஒயின் ஆலைச் சுவர்களையும் பாருங்கள். ‘ஜான் பார்லிகார்ன்’ எழுதிய மனிதரின் வாசலில் ஒரு ஒயின் ஆலை இருந்திருக்கிறது. பன்றிகளுக்காக அவர் வட்டமாகக் கட்டிய கல்தொழுவம் இன்னும் சற்று உள்ளே. அதற்கு அரை மணி நேரமாவது கையில் வேண்டும்.

திரும்பும்போது சொனோமா வழியாக 121, பிறகு 37. மாலை நெரிசலில் 37 நகராது. க்ளென் எல்லனிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம்.

பிற்சேர்க்கை: நாயை அழைத்துப் போகலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஸ்டீவன்சன் பூங்காவின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை, லண்டன் பண்ணையில் குறிப்பிட்ட பகுதியில் மட்டும், கயிற்றோடு. ஸ்டீவன்சன் தம்பதியர் சூச்சூ என்ற நாயோடுதான் அந்த மலைக்குப் போனார்கள் என்று ஒருவர் வாதாடினார். போனது உண்மை. மெத்தையில்லாமல் வாழத் தெரியாத அந்த நாய் அங்கே பட்ட பாட்டையும் அவரே எழுதியிருக்கிறார், அதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.