ஏர் ஃப்ரையரில் பஜ்ஜி போட்ட கதையும், நீங்கள் செய்யக் கூடாத மற்ற சில வேலைகளும்

எங்கள் வீட்டுக்கு ஏர் ஃப்ரையர் வந்த அன்று சாயங்காலம் முதலில் போட்டது வாழைக்காய் பஜ்ஜி. கடலைமாவை வழக்கம்போல் தோசைமாவு பதத்தில் கரைத்து, சீவிய வாழைக்காயை முக்கி, கூடையில் அழகாக அடுக்கி, 200 டிகிரி வைத்து மூடினேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால், மாவில் பாதி கூடையின் ஓட்டைகள் வழியாக வழிந்து அடியில் தோசை மாதிரி ஒட்டிக் கிடந்தது. மீதிப் பாதி வாழைக்காயின் மேல் வெடித்த மண் போலக் காய்ந்திருந்தது. அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாழைக்காயை அடுப்புலயே சுட்டுக் குடுத்திருக்கலாம்" என்றார்.

தப்பு இயந்திரத்தின் மேல் இல்லை, அதன் பெயரை நம்பிய என் மேல்தான். 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் 'ஏர்ஃப்ரையர்' என்று பெயர் வைத்து இதை அறிமுகப்படுத்தியது. அன்றிலிருந்து எல்லோரும் இதை எண்ணெய் இல்லாத வாணலி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே பார்த்தால் மேலே சூடேறும் ஒரு கம்பிச்சுருள் ('காயில்'), அதற்கு மேல் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். கேக் சுடும் 'அவன்' (oven) அடுப்பைச் சின்னதாக்கி, உள்ளே காற்று வேகமாகச் சுழலும்படி செய்திருக்கிறார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், 180 டிகிரி காற்றும் 180 டிகிரி எண்ணெயும் ஒன்று கிடையாது. சூடான அவன் அடுப்புக்குள் ஒரு நொடி கையை விட்டு எடுத்துவிடலாம், கொதிக்கிற எண்ணெயில் விட முடியுமா? எண்ணெய் பொருளை நாலா பக்கமும் சூழ்ந்து சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும், அதனால்தான் பஜ்ஜி மாவு விழுந்த மாத்திரத்தில் உப்பி இறுகுகிறது. காற்று அந்த வேகத்தில் சூட்டைக் கொடுக்காது. மாவு இறுகுவதற்குள் வழிந்துவிடும். இது ஒன்று புரிந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சரி, கரைத்த மாவு கூடாது. அப்போ என்ன செய்வது? பிசற வேண்டும். காலிஃப்ளவர் 65 செய்வதாக இருந்தால், பூவை மஞ்சள் போட்ட வெந்நீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போக விட்டு, ஒரு கரண்டி கெட்டித் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு சேர்த்துப் பிசறிவிட்டு, கடைசியாகச் சோள மாவும் அரிசி மாவும் தூவி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். மாவு பூவோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பாத்திரத்தின் அடியில் தேங்கக் கூடாது. 180இல் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒரு தடவை குலுக்கல். மசால் வடை சுமாராக வரும், சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் கல். உளுந்து வடை வேண்டவே வேண்டாம். நடுவில் ஓட்டை போட்ட பன் மாதிரி ஒன்று வரும், அதைச் சாம்பாரில் போட்டு வேண்டுமானால் ஒப்பேற்றலாம்.

அடுத்தது, "துளி எண்ணெய்கூட இல்லாமல்" என்கிற வீறாப்பு. ஆரோக்கியத்துக்காக வாங்கினோம், பிறகு எதற்கு எண்ணெய் என்று வெறும் உருளைக்கிழங்கில் மிளகாய்த்தூளைத் தூவி உள்ளே தள்ளுகிறவர்கள் நிறைய பேர். எண்ணெய் இல்லாத மசாலாத்தூள் வறுபடாது. வெளியே கருகும், ஆனால் பச்சை வாசனை அப்படியே இருக்கும், விசிறிக் காற்றில் பாதித் தூள் பறந்தும் போகும். கால் கிலோ கிழங்குக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும், 5 மில்லி, ஏறக்குறைய 40 கலோரி. அதைக் கையால் எல்லாத் துண்டுகளிலும் படும்படி தேய்த்துவிடுங்கள், மேலே ஊற்றினால் நாலு துண்டு குடிக்கும், மீதி பட்டினி. கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் கேரட், பூசணி மாதிரி காய்களில் இருக்கிற கரோட்டினை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும் என்பது வேறு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பிரஷ்ஷால் எண்ணெய் தடவுகிறவர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. மூன்று கரண்டி போன பிறகு, தோசைக்கல்லிலேயே போட்டு வறுத்து எடுத்திருக்கலாம், மின்சாரமாவது மிச்சம்.

கூடையை நிரப்புவது, என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெட்டியில் 4 லிட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து நாலு பேருக்கு ஒரே ஈட்டில் ஆகிவிடும் என்று நினைத்துவிடுகிறோம். அந்த அளவு கூடையின் கொள்ளளவு, அவ்வளவையும் நிரப்பினால் காற்று எங்கே போகும்? ஒருமுறை அரைக் கிலோவுக்கு மேல் கிழங்கு வெட்டி மொத்தமாகக் கொட்டினேன். இருபது நிமிடம் கழித்து இழுத்தபோது முகத்தில் குக்கரைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. மேல்வரிசை மட்டும் ஓரம் சிவந்திருந்தது, கீழே இருந்ததெல்லாம் வெந்து, குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மசாலாவைத் தனியாக விட்டுவிட்டுக் கிடந்தது. கிழங்கில் இருந்து வரும் நீராவி வெளியேற வழியில்லாமல் கிழங்கையே வேகவைத்துவிட்டது. ஒரே அடுக்காகப் பரப்பினால் இந்த அளவு கூடையில் 200, 250 கிராம்தான் கொள்ளும். நாலு பேருக்கு என்றால் இரண்டு ஈடு, சில நாள் மூன்று. வாங்குவதற்கு முன்னால் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பெரிய அளவாகப் பார்த்து வாங்கியிருப்பேன்.

ஈரமும் அதே ரகம்தான். வெண்டைக்காயை அலசிய கையோடு நறுக்கிப் போட்டால் முதல் ஐந்து நிமிடம் தண்ணீர் வற்றுவதிலேயே போய்விடும், அதற்குள் காய் துவண்டுவிடும். அலசி, துடைத்து, நறுக்கி, பிறகு எண்ணெய், உப்பு. இரண்டு மூன்று நிமிடம் காலியாகச் சூடேற்றிவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் அப்போது உள்ளே வெண்ணெய்த்தாளை வைத்துவிட்டுக் காலியாக ஓட்டாதீர்கள், காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போய்க் காயிலில் ஒட்டவைத்துவிடும், தீய்ந்து புகையும். கறிவேப்பிலையும் இப்படித்தான் பறக்கும். இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் எண்ணெயில் பிரட்டி, காய்களுக்கு அடியில் செருகிவிட்டால் சமர்த்தாக இருக்கும். அப்பளத்தை எண்ணெய் தடவி, பறக்காமல் மேலே ஒரு கம்பித்தட்டை வைத்துச் சுட்டுத் தரச் சொல்லி வீடியோக்கள் நிறைய வருகின்றன. கேஸ் அடுப்புத் தணலில் இடுக்கியால் புரட்டினால் சில நொடியில் முடிகிற வேலைக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இனி அந்த 'ஆரோக்கியம்' விஷயத்துக்கு வருவோம். உறைய வைத்த ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், நகெட்ஸ், ஸ்மைலி எல்லாவற்றையும் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, நாங்கள் இப்போதெல்லாம் ஏர் ஃப்ரையரில்தான் செய்கிறோம் என்று பெருமைப்படுவது பல வீடுகளில் நடக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே எண்ணெயில் ஒரு தடவை பொரிக்கப்பட்டுத்தான் உறைகின்றன, பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் எண்ணெயும் உப்பும் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். வாணலியில் மறுபடி பொரிப்பதற்கு இது மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாதம் ஒருமுறை சாப்பிட்டதை, எண்ணெய்தான் இல்லையே என்று தினமும் சாப்பிட ஆரம்பித்தால் கணக்கு இடிக்கும்.

கருகல் இன்னொன்று. மாவுச்சத்து உள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல், ஈரம் வற்ற வற்றச் சூடாக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது, 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இது உணவில் இருப்பதைக் கண்டு சொன்னார்கள், அதிகமாக உடம்பில் சேர்வது நல்லதல்ல என்று உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் குறைக்கச் சொல்கின்றன. இது எண்ணெயால் வருவதில்லை, சூட்டால் வருவது. ஆகவே ஏர் ஃப்ரையரிலும் வரும். உருளைக்கிழங்கை வெட்டி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் மேல் சர்க்கரையும் மாவும் கரைந்து போகும், அப்புறம் நன்றாகத் துடைத்துவிட்டு, பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் முறுகட்டும்' என்று காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கொண்டுபோகிற பழக்கம் என் வீட்டில் ஒருவருக்கு உண்டு, அவருடைய பங்கை அவரே எடுத்துக்கொள்கிறார்.

அசைவத்தில் கவனம் வேண்டியது கோழியில். சிக்கன் 65 மசாலாவின் சிவப்பு ஏமாற்றும், எட்டு நிமிடத்திலேயே வெந்த மாதிரி தெரியும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சில்லிப்போடு எலும்புத் துண்டைப் போட்டால் வெளியே முறுகி, எலும்பை ஒட்டிப் பச்சையாக நிற்கும். உள்சூடு 74 டிகிரி தொட வேண்டும் என்பது கணக்கு, தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் இருப்பதிலேயே பெரிய துண்டை எலும்பு வரை வெட்டிப் பாருங்கள், சிவப்பு நீர் வந்தால் திரும்ப உள்ளே. மட்டனை நேராகப் போடாதீர்கள், குக்கரில் வேகவைத்துவிட்டுக் கடைசியில் முறுக மட்டும் இதில் போடலாம், இல்லாவிட்டால் செருப்புத் தோல்தான். மீனில் எனக்குப் பிடித்தது மத்தி. அதன் உடம்பிலேயே எண்ணெய் இருப்பதால் நாம் ஊற்ற வேண்டியதே இல்லை, கீறி மசாலா தடவி 180இல் 12 நிமிடம், ஒரு தடவை புரட்டல். வீடு முழுக்க வாசனை வரும், அதை மட்டும் எந்த இயந்திரத்தாலும் தடுக்க முடியாது.

சமையலுக்கு வெளியே ஒன்று. பெரும்பாலான ஏர் ஃப்ரையர்கள் 1,200 முதல் 1,700 வாட் வரை இழுப்பவை. நம் வீடுகளில் மிக்ஸிக்கு இருக்கும் சின்ன 6 ஆம்ப் பிளக், 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 1,380 வாட்தான். தடித்த மூன்று கால் பிளக்கோடு வருகிற ஏர் ஃப்ரையரைக் கன்வெர்ஷன் பிளக் போட்டுச் சின்ன சாக்கெட்டில் சொருகுவது, அதிலேயே மிக்ஸியையும் சேர்த்து மாட்டுவது, இது கண்டிப்பாகக் கூடாது. சொருகிய இடம் தொட்டால் சுடுகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜுக்கோ கிரைண்டருக்கோ போட்ட பவர் பிளக் அருகில் இடம் பாருங்கள். பின்பக்கம் சூடான காற்று வெளியே வரும், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். என் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் பின்னால் மாட்டியிருந்த பிளாஸ்டிக் முறம் பாதி வளைந்துபோன பிறகுதான் அங்கே காற்று வருகிறது என்பதே தெரிந்தது.

கழுவுவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூடையை ஸ்டீல் நாரால் தேய்த்தால் பூச்சு உரியும். சூடு ஆறியதும் வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டால் ஸ்பாஞ்சே போதும். கூடையை மட்டும் கழுவிவிட்டு மேலே இருக்கும் காயிலை மறந்துவிடாதீர்கள், தெறித்த எண்ணெய் அதில் ஒட்டி அடுத்த முறை புகையும். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, கவிழ்த்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டப்பாவில் வரும் ஸ்ப்ரே எண்ணெயைக் கூடையின் மேல் அடித்தால் அதில் கலந்திருக்கும் லெசித்தின் என்ற சேர்பொருள் பிசுக்காகப் படிந்து போகவே போகாது. செக்கு எண்ணெயை ஒரு சின்ன பம்ப் பாட்டிலில் ஊற்றி அடித்துக்கொள்ளலாம், 200க்குப் போனால் அதுவும் புகையும் என்பதால் 180இல் நிறுத்துங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, பிறகு எதற்குத்தான் இது என்றால், வாணலி வேலையை விடச் சுடுகிற வேலைக்கும் வறுக்கிற வேலைக்கும் இது பொன் மாதிரி. வேர்க்கடலை 160இல் பத்துப் பன்னிரண்டு நிமிடம், கருகாமல், நின்றுகொண்டே கிளற வேண்டாமல். கத்திரிக்காயை நாலு இடத்தில் குத்தி, எண்ணெய் தடவி 200இல் இருபது நிமிடம் வைத்தால் கொத்சுக்குத் தோல் அப்படியே உரிந்து வரும். சேப்பங்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து மசாலா பிரட்டிப் போட்டால் ரோஸ்ட். முந்தின நாள் சமோசா, பப்ஸ், வடை மூன்று நிமிடத்தில் உயிர் பெறும், மைக்ரோவேவ் மாதிரி சவசவ என்று ஆக்காது.

எங்கள் வீட்டில் நடந்த நிஜமான மாற்றம் வேறு இடத்தில். முன்பெல்லாம் பொரித்த எண்ணெய் ஒரு டம்ளரில் மூடி வைக்கப்பட்டு, மறுநாள் தாளிக்க, அதற்கு மறுநாள் திரும்பப் பொரிக்க என்று கருத்துப் போகும் வரை சுற்றும். எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகிக் கெடுவதற்கு ஓர் அளவு உண்டு, எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் 'போலார் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் கடைகளுக்கு விதித்திருக்கிறது. வீட்டு டம்ளரை யார் சோதிக்கிறார்கள்? இப்போது அந்த டம்ளர் காலி, அம்மா அதில் புளி ஊறவைக்கிறார். பஜ்ஜி மட்டும் மழை வரும் நாளில் வாணலியில்தான். சின்ன வாணலி, மூழ்கும் அளவு எண்ணெய், ஆளுக்கு மூன்று.