இரண்டு ரிமோட்டை ஒன்றாக்குவோம்: குறைந்த விலை யுனிவர்சல் ரிமோட் வாங்குவதும் பழக்குவதும்

கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, தனியாக இருக்கிறார். சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால், சாப்பிட்டுப் படுக்கும் வரைக்கும் டிவிதான் துணை. போன வருடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவரிடமிருந்து போன் வரும்.

"கண்ணு, பொட்டி நீலமா நிக்குது. படம் வர மாட்டீங்குது."

டிவிக்கு ஒரு ரிமோட், கேபிள் பாக்ஸுக்கு ஒரு ரிமோட். சத்தத்தைக் கூட்ட டிவி ரிமோட்டை எடுக்கும்போது விரல், படம் வரும் வழியை மாற்றும் 'சோர்ஸ்' பட்டனில் பட்டுவிடும். உடனே திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று நின்றுவிடும். அதைச் சரிசெய்ய நான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். ஒரே பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் நான் போகும் வரைக்கும் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் முந்நூறு ரூபாய்க்குள் ஒரு ரிமோட் வாங்கிப் பழக்கிக் கொடுத்தேன். எப்படிச் செய்தேன் என்பதை, இதுவரை ரிமோட்டில் பேட்டரி மட்டுமே மாற்றியிருப்பவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

முதலில், பழையது நிஜமாகவே போய்விட்டதா?

செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முன்முனையில் இருக்கும் சின்ன பல்பைப் பார்த்தபடி ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் அந்த பல்பு ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. அது அனுப்புவது அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம், நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சில போன்களில் பின்பக்கக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும். அப்படியானால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

மினுக்கவில்லையா? பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உப்புக் காகிதத்தால் லேசாகத் தேய்த்துவிட்டு, புது பேட்டரி இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று பழசு ஒன்று புதுசு என்று போடாதீர்கள். ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் உள்ளே ரப்பருக்கு அடியில் அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது அதன் கருப்புப் பூச்சு தேய்ந்திருக்கும். அழுக்கென்றால் திறந்து துடைத்தால் சரியாகிவிடும்.

ரிமோட் மினுக்குகிறது, டிவிதான் கேட்கவில்லை என்றால், டிவியின் கீழ்விளிம்பில் இருக்கும் சின்னக் கருப்புக் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் பஞ்சுத் தூசி அதன் மேல் போர்வை மாதிரி படிந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புது ரிமோட் வாங்கிவந்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

எந்த வகை ரிமோட் உங்களுக்கு வேண்டும்?

கடைக்குப் போவதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் கேபிள் பாக்ஸ் அல்லது டிஷ் ரிமோட்டில் 'டிவி' என்று எழுதித் தனியாகக் கட்டம் கட்டிய நாலைந்து பட்டன்கள் இருக்கின்றனவா? இருந்தால் அநேகமாக அவை கற்றுக்கொள்ளும் பட்டன்கள். டிவி ரிமோட்டின் பவரையும் வால்யூமையும் அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். பைசா செலவில்லை. நிறைய வீடுகளில் அந்தப் பட்டன்கள் வருடக்கணக்காகத் தொடப்படாமலே கிடக்கின்றன. அம்மாயி வீட்டுப் பாக்ஸ் ரிமோட் அந்தக் கட்டம் இல்லாத வகை. இருந்திருந்தால் நானும் எதுவும் வாங்கியிருக்க மாட்டேன்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மூன்று வகை உண்டு.

டிவி ரிமோட் தொலைந்துவிட்டது, வேறு பிரச்சினை இல்லை என்றால் அதே மாடலுக்கான மாற்று ரிமோட் போதும். எங்கள் பக்கம் 150 ரூபாயிலிருந்து 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பேட்டரி போட்டதும் வேலை செய்யும், பழக்க வேண்டியதே இல்லை. 2006-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச கலர் டிவி இன்னும் ஓடுகிற வீடுகள் உண்டு. அவை பல கம்பெனிகளிடம் வாங்கப்பட்டவை. அதனால் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, கோடு (code, அதாவது குறியீட்டு எண்) போட்டுப் பயன்படுத்தும் யுனிவர்சல் ரிமோட். எல்ஜி, சாம்சங், சோனி என்று ஒவ்வொரு கம்பெனிக்குமான கோடுகள் அதற்குள் ஏற்கெனவே இருக்கும். உங்கள் டிவிக்கு எது என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும். பழைய ரிமோட் கையில் இல்லாதவர்களுக்கு இது சரி.

மூன்றாவது, லேர்னிங் ரிமோட். இதற்கு எந்தக் கம்பெனியும் தெரியாது. பழைய ரிமோட்டை எதிரே வைத்து ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று ரிமோட்டை ஒன்றாக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இதைப் பழக்க ஒரு அரைமணி நேரம் பிடிக்கும், ஆனால் நமக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேண்டாததைச் சொல்லிக்கொடுக்காமலே விட்டுவிடலாம். அம்மாயியின் நீலத் திரைப் பிரச்சினை தீர்ந்தது அந்த 'விட்டுவிடுவதில்'தான்.

வாங்கியபின் வருத்தப்படாமல் இருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ரிமோட்டுகள் எல்லாம் அகச்சிவப்பு ஒளியில் ஓடுபவை. ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி புளூடூத்தில் ஓடும் கருவிகளை இவை அசைக்க முடியாது. டிவி புளூடூத் வாய்ஸ் ரிமோட்டோடு வந்திருந்தாலும் பயப்பட வேண்டாம், அந்த மாதிரி டிவிகளில் பல அகச்சிவப்பையும் ஏற்றுக்கொள்ளும்.

கடையில் என்ன பார்ப்பது?

சந்தையில் தார்ப்பாய் விரித்துக் குவியலாக வைத்து விற்பவர்களிடமும் நல்ல ரிமோட் கிடைக்கும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பேட்டரி போடச் சொல்லி, கேமராவில் பல்பைப் பார்த்துவிடுங்கள். பட்டனை அழுத்தினால் திரும்பி எழ வேண்டும், அமுங்கியே கிடக்கக் கூடாது. கோடு எழுதிய காகிதம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு என்றால் பட்டன் குறைவாகவும் எழுத்து பெரிதாகவும் இருப்பதை எடுங்கள். நாற்பது பட்டன் உள்ளதைவிடப் பத்து பட்டன் உள்ளது அவர்களுக்கு அதிகம் உதவும்.

லோக்கலில் அசெம்பிள் செய்த டிவி, அல்லது மெக்கானிக் போர்டு மாற்றிய டிவி என்றால் முன்னால் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். கோடு உள்ளே இருக்கிற போர்டுக்கு உரியது. மாற்றியவரிடமே என்ன போர்டு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடு போடும் முறை

கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் பெயர் கொஞ்சம் மாறும், வழி பெரும்பாலும் ஒன்றுதான். டிவியை ஆன் செய்யுங்கள். ரிமோட்டில் 'செட்' பட்டனை, சிவப்பு விளக்கு விடாமல் எரியும் வரைக்கும் அழுத்திப் பிடியுங்கள். காகிதத்தில் உங்கள் டிவி கம்பெனிக்கு நேரே இருக்கும் முதல் கோடை அழுத்துங்கள். விளக்கு அணைந்தால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். வால்யூமைக் கூட்டிப் பாருங்கள், கேட்கவில்லையா, அடுத்த கோடு.

காகிதத்தில் உள்ள எந்தக் கோடும் ஒத்துவரவில்லை என்றால் தானாகத் தேடச் சொல்லலாம். அதே மாதிரி 'செட்'டைப் பிடித்து, டிவியைப் பார்த்து நீட்டியபடி பவரையோ சேனல் ஏற்றும் பட்டனையோ ஒவ்வொரு தடவையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். டிவி அணைந்த, அல்லது சேனல் மாறிய நொடியில் நிறுத்தி, காகிதத்தில் சொன்ன பட்டனை அழுத்திச் சேமியுங்கள். இங்கே அவசரம் ஆகாது. ஒரு அழுத்து கூடிப்போனால் சரியான கோடைத் தாண்டிவிடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

பவர் வேலை செய்ததும் எழுந்துவிடாதீர்கள். பவர் சரியாக இருந்து மியூட் வேறெதையோ செய்கிற கோடுகள் உண்டு. பவர், வால்யூம், மியூட், சோர்ஸ் நான்கையும் பார்த்த பிறகுதான் அது உங்கள் கோடு.

லேர்னிங் ரிமோட்டைப் பழக்குவது

காளையைப் பழக்குகிற மாதிரி இதையும் பொறுமையாகச் செய்ய வேண்டும். இரண்டு ரிமோட்டுக்கும் புது பேட்டரி போடுங்கள். மேசை மேல் இரண்டையும் மூக்கோடு மூக்கு பார்க்கிற மாதிரி, இரண்டு விரல் இடைவெளி விட்டுப் படுக்க வையுங்கள். ஒன்று தடிமனாகவும் மற்றது மெலிதாகவும் இருந்தால், மெலிந்ததுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து இரண்டு பல்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வெயில் விழும் திண்ணையில் உட்கார்ந்து செய்யாதீர்கள், வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது.

புது ரிமோட்டில் 'செட்'டை விளக்கு எரியும் வரை பிடியுங்கள். அப்புறம் புது ரிமோட்டில் எந்தப் பட்டனுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களோ அதை ஒரு தடவை அழுத்துங்கள். விளக்கு மினுக்கிக் காத்திருக்கும். இப்போது பழைய ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை ஒரு தடவை, சின்னதாக அழுத்திவிடுங்கள். விளக்கு இரண்டு மூன்று தடவை வேகமாக மினுக்கினால் கற்றுக்கொண்டது. அடுத்த பட்டனுக்குப் போகலாம். எல்லாம் முடிந்ததும் 'செட்'டை மறுபடி அழுத்தினால் வெளியே வந்துவிடும்.

'சின்னதாக' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரிமோட் வெறுமனே ஒளியைக் காட்டுவதில்லை. நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கும் ஒளியை விட்டு விட்டு அனுப்பி, நீளமும் குட்டையுமாக ஒரு செய்தியைச் சொல்கிறது. டியூப் லைட்டிலிருந்தும் வெயிலிலிருந்தும் ரிமோட்டை டிவி பிரித்தறிவது இந்தத் துடிப்பை வைத்துத்தான். பட்டனை விடாமல் பிடித்தால் பல ரிமோட்டுகள் முதல் செய்திக்குப் பிறகு, 'இன்னும் பிடித்திருக்கிறார்' என்று சொல்கிற வேறொரு சின்னச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். புது ரிமோட் அதைப் பிடித்துக்கொண்டால் வால்யூம் அசையவே அசையாது. நான் முதல் தடவை வால்யூம் பட்டனை நீளமாக அழுத்தித்தான் இரண்டு மணி நேரம் திண்டாடினேன்.

பழைய ரிமோட் தொலைந்துவிட்டதால் லேர்னிங் வாங்க முடியாது என்று நினைக்காதீர்கள். ரெட்மி, போகோ போன்களில் பலவற்றின் மேல்விளிம்பில் சின்ன அகச்சிவப்பு பல்பு இருக்கிறது. அதிலிருக்கும் ரிமோட் ஆப்பில் உங்கள் டிவியைத் தேர்ந்தெடுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் போனையே பழைய ரிமோட்டாக எதிரே வையுங்கள். பக்கத்து வீட்டில் யாரிடமாவது அந்த போன் இருந்தாலும் பத்து நிமிடம் வாங்கிச் செய்துவிடலாம்.

ஏசிக்கு இந்த வழி சரிவராது. டிவி ரிமோட் 'சத்தம் ஒன்று கூட்டு' என்று மட்டும் சொல்லும். ஏசி ரிமோட்டோ ஒவ்வொரு அழுத்துக்கும் குளிர் எத்தனை, ஃபேன் வேகம் என்ன, எந்த மோடு என்று மொத்த நிலவரத்தையும் அனுப்பும். அதனால் திரை உள்ள ஏசி யுனிவர்சல் ரிமோட்டையே தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கோடை மாற்றிக்கொண்டே வந்தால் சரியான இடத்தில் ஏசி 'பீப்' என்று பதில் கொடுக்கும்.

பெரியவர்களிடம் கொடுக்கும்போது

அம்மாயியின் ரிமோட்டுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஏழே பட்டன்: டிவி பவர், பாக்ஸ் பவர், வால்யூம் இரண்டு, சேனல் இரண்டு, மியூட். சோர்ஸைத் தொடவே இல்லை, அதனால் அதை எத்தனை தடவை அழுத்தினாலும் திரை நீலமாகாது. டிவி பவரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு, பாக்ஸ் பவரில் பச்சைப் பொட்டு. "செகப்ப அமுக்கிட்டு அப்புறம் பச்சைய அமுக்குங்க அம்மாயி" என்று சொல்லி, நான் தொடாமல் அவரையே பத்துத் தடவை போட்டு அணைக்கச் சொன்னேன். நாலாவது தடவைக்கு மேல் அவர் கண் ரிமோட்டைப் பார்க்கவில்லை, டிவியைத்தான் பார்த்தது.

பழைய ரிமோட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். சேனல் வரிசை மாற்றவும் மெனுவுக்குள் போகவும் என்றைக்காவது தேவைப்படும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு கவரில் போட்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.

கோடு போட்ட ரிமோட் என்றால் இன்னொரு வேலை. விலை குறைந்தவற்றில் சில, பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் போட்ட கோடை மறந்துவிடும். அதனால் வேலை செய்த கோடை ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி, பேட்டரி மூடியின் உள்பக்கம் செல்லோ டேப்பால் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை பேட்டரி மாற்றுகிறவர் யாராக இருந்தாலும், மூடியைத் திறந்ததும் அந்த எண் கண்ணில் படும்.