ஆறரை இஞ்ச் ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் எங்கே பிரிப்பது?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடிக்கூழ் ஊற்றிய அன்றுதான் நான் கட்டிய முதல் ஸ்பீக்கர் பாக்ஸ் பாடியது. அதில் கனத்த சத்தத்துக்குப் பெரிய ஊஃபர், கீச்சுச் சத்தத்துக்குச் சின்ன ட்வீட்டர். மூணு மணி நேரத்தில் ட்வீட்டர் ஊமையாகிவிட்டது. கழற்றினால் உள்ளே இருந்த காயில் கருகிக் கிடந்தது. கனத்த சத்தத்தைத் தடுக்க ட்வீட்டர் வயரில் ஒரே ஒரு கண்டன்சர்தான் போட்டிருந்தேன். இப்போதெல்லாம் பெட்டி அறுப்பதற்கு முன்பே எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊஃபர், மேலே ட்வீட்டர் என்று பிரிப்பது என கணக்குப் போட்டுவிடுகிறேன்.

முதலில் ஊஃபர். கோனின் குறுக்கே, இந்தப் பக்க ரப்பர் நடுவிலிருந்து அந்தப் பக்க ரப்பர் நடுவரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஆறரை இஞ்சில் சுமார் 13 சென்டிமீட்டர் வரும். ஒலி விநாடிக்கு 344 மீட்டர் போகிறது, அதை 0.13 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,650 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேரே குவிந்துவிடும், ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் கானா பாடுகிறவர் வார்த்தை மங்கும். ட்வீட்டரோடு வரும் பேப்பரில் எஃப்எஸ் என்று ஓர் எண் இருக்கும், ட்வீட்டர் தானாகவே அதிரும் ஹெர்ட்ஸ் அது. அதன் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்காதீர்கள். என்னுடையது 1,200, ஆக 2,400. நடுவில் 2,500 என்று வைத்தேன். எட்டு இஞ்ச் ஊஃபர் என்றால் 2,000 பக்கம் இறங்க வேண்டும், அதற்கு எஃப்எஸ் 1,000க்குள் உள்ள ட்வீட்டர் தேடுங்கள்.

அப்புறம் டிசைன். ஹெர்ட்ஸ் பாதியானால், அதே சத்தத்துக்கு ட்வீட்டர் நாலு மடங்கு அசைய வேண்டும். ஒற்றைக் கண்டன்சர் அதில் பாதியைத்தான் அடக்கும். அதனால் காயிலும் கண்டன்சரும் சேர்ந்த, ஹெர்ட்ஸ் பாதியானால் சத்தத்தை 12 டெசிபல் குறைக்கும் 12 டிபி சர்க்யூட் கட்டுங்கள். லிங்க்விட்ஸ் 1976இல் எழுதிய, லிங்க்விட்ஸ்-ரைலி என்று பெயர்பெற்ற முறைப்படி 8 ஓம்ஸ், 2,500 ஹெர்ட்ஸுக்கு 1 மில்லிஹென்றி காயில், 4 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். ஊஃபருக்குக் காயில் தொடராக, கண்டன்சர் குறுக்கே. ட்வீட்டருக்கு அப்படியே மாற்றி. காயில் சுற்ற எனாமல் வயரை மோட்டார் ரீவைண்டிங் கடையிலேயே எடை போட்டு வாங்கலாம். இரண்டு காயிலையும் தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். இங்கே கடல் காற்றில் ஸ்க்ரூ கனெக்டர் பச்சை பிடிக்கும், எல்லா ஜாயின்ட்டையும் சால்டர் பண்ணிவிடுங்கள்.

ஹெர்ட்ஸ் ஏற ஏற ஊஃபரின் ஓம்ஸும் ஏறும், கணக்கு கெடும். அதைச் சமன் செய்ய என் ஊஃபருக்கு 7.5 ஓம்ஸ் ரெசிஸ்டரும் 12 மைக்ரோ கண்டன்சரும் தொடராகச் சேர்த்து, ஊஃபரின் இரண்டு முனைக்கும் குறுக்கே போட்டேன்.

கடைசியாக ட்வீட்டர் வயர். இந்த டிசைனில் ப்ளஸ், மைனஸை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. பெட்டிக்குள் போனதும் அது மாறலாம், காதால் பார்த்துவிடுவதே நல்லது. போனில் 2,500 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக வைத்து, ஒரு மீட்டர் தள்ளி, ட்வீட்டர் உயரத்துக்குக் காதை வைத்துக் கேளுங்கள். வயரை மாற்றிக் கொடுத்து மறுபடி கேளுங்கள். ஒரு இணைப்பில் டோன் குழியில் விழுந்தது போல அமுங்கும். இன்னொன்றைச் சால்டர் பண்ணிப் பெட்டியை மூடுங்கள்.