மூட்டுவாதத்துக்கு ஏஐ கிட்ட கேக்கறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

என்ற அம்மாவுக்கு 62 வயசு, காங்கேயத்துக்குப் பக்கத்துல தோட்டத்துல இருக்காங்க, முடக்குவாதம் (மூட்டுவாதத்துல ஒரு வகை, ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொல்றது) வந்து ஒம்பது வருசம் ஆச்சு. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், தினமும் எக்ஸெல்லோடதான் பொழப்பு, அதனால அம்மாவோட ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் நானே போன்ல ஏத்தி ஏஐ கிட்ட கேட்டுக் கேட்டு பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு வருசத்துல நான் பண்ணுன தப்பு, ஒறம்பரைல மத்தவிய பண்ணுன தப்பு எல்லாத்தையும் இங்க எழுதறேன், ஏன்னா இதுல ஒண்ணு உசுருக்கே ஆகற மாதிரி போயிருச்சு.

அதையே மொதல்ல சொல்லிர்றேன். ஷிப்மென்ட் நேரம், ஒரு செவ்வாக்கெழமை ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன், "மாத்திரை போட்டுட்டேன் கண்ணு, போனு அடிச்சுது"ன்னாங்க. எந்த மாத்திரைம்மான்னா, "அந்த மஞ்சக் கலரு, நேத்தும் அடிச்சுது, முந்தாநேத்தும் அடிச்சுது". முடக்குவாதத்துக்கு போடற மீத்தோட்ரெக்சேட். 15 எம்ஜி. வாரத்துக்கு ஒருக்கா, ஞாயித்துக்கெழமை மட்டும் போட வேண்டியது. மூணு வாரத்து மாத்திரை மூணு நாள்ல உள்ள போயிருச்சு. அந்த ராத்திரியே தம்பி கார் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு ஓடுனான், ரத்தம் எடுத்து பாத்தாங்க, அந்த மருந்தோட கெடுதலை முறிக்கறதுக்கு ஃபோலினிக் ஆசிட் குடுத்தாங்க, அதுக்கப்பறம் பத்து நாளு வெள்ளணு எறங்குதா, வாய்ல புண்ணு வருதா, கிட்னி ஈரல் எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. தப்பிச்சுட்டாங்க. எல்லாரும் தப்பிச்சர்றதில்ல, வாராவாரம் போடற மீத்தோட்ரெக்சேட்டை தெனம் போட்டு எலும்பு மஜ்ஜை அடிபட்டு செத்தவங்க பல நாட்டுலயும் இருக்காங்க.

எப்படி ஆச்சுன்னா, டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து ஒரு செயலில போட்டு "இதுக்கு தமிழ்ல டைம்டேபிள் போட்டு அலாரம் வெச்சுக் குடு"ன்னேன். சீட்டுல மீத்தோட்ரெக்சேட்டுக்கு கீழ ஃபோலிக் ஆசிட், அது பக்கவிளைவை கொறைக்கற விட்டமின் மாத்திரை, மத்த நாளைக்கு போடறது, ரெண்டு வரியும் நெருக்கமா எழுதியிருந்துச்சு, செயலி ரெண்டையும் கலந்து தினமும்னு எடுத்துக்கிச்சு. பொதுவாவே மாத்திரைன்னா தெனம் போடறதுதான் எச்சு, அலாரம் செயலிங்களும் தானா தினசரின்னுதான் வெச்சுக்கும். நான் அந்த டைம்டேபிளை ஒருக்கா சீட்டோட வெச்சு ஒத்துப் பாத்திருக்கணும், பாக்கல. ஒரு இன்வாய்ஸ்னா மூணு தடவை டேலி பண்ணுவேன், அம்மா மாத்திரையை ஒருக்காகூட பண்ணல, இன்னைக்கும் அதை நெனச்சா நெஞ்சு பதறுது.

அதனால மீத்தோட்ரெக்சேட் போடறவங்க வீட்டுல போட்டோ படிச்சு அலாரம் வெக்கற சோலியே வேண்டாங்க. கெழமையை டாக்டரை கேட்டு அட்டை மேலயே பேனால எழுதிருங்க. அலாரம் வேணும்னா நீங்களே கையால வாரம் ஒருக்கான்னு வைங்க. 2.5, 5, 7.5, 10, 15ன்னு பல அளவுல அந்த மாத்திரை கெடைக்குது, கடைல அளவு மாத்திக் குடுத்தா எத்தனை மாத்திரைங்கறதும் மாறும், அதையும் ஒவ்வொரு தடவை வாங்கறப்பயும் பாக்கணும்.

அடுத்தது ரிப்போர்ட். பெருந்துறை பக்கம் எங்க ஒறம்பரை அக்கா ஒருத்தங்க, ஏதோ பேக்கேஜ்னு முழு உடம்பு டெஸ்ட் எடுத்தாங்க, அதுல முடக்குவாதத்துக்கு பாக்கற ஆர்ஏ ஃபேக்டர்ங்கற ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்துச்சு, ஏஐ கிட்ட போட்டாங்க, முடக்குவாதம் இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லிருச்சு. அன்னைல இருந்து ஒரு மாசம் சரியா தூங்கல, வெரல் கோணிப் போயிரும்னு அழுகை. கடைசில கோயமுத்தூர்ல மூட்டு டாக்டர் வெரல் வெரலா அமுக்கிப் பாத்துட்டு வீக்கமே இல்லீங்க, வலி தேய்மானத்தால வர்றதுன்னு சொல்லி தாட்டி விட்டாரு. ஆர்ஏ ஃபேக்டர் நல்லா இருக்கறவங்க நூறு பேருல அஞ்சு பேருக்கு பக்கம் பாசிட்டிவா வரும், வயசானா இன்னும் எச்சா வரும், ஹெபடைட்டிஸ் சி, டிபி இருந்தாலும் வரும். இதுக்கு நேர் மாறாவும் நடக்குது, முடக்குவாதம் உள்ளவங்கள்லயே நாலஞ்சு பேருல ஒருத்தருக்கு நெகட்டிவ்னுதான் வரும், அவங்க ரிப்போர்ட்டை போட்டு "எனக்கு இல்லைன்னு சொல்லிருச்சு"ன்னு ஒரு வருசம் வலி மாத்திரைலயே ஓட்டிட்டா அதுக்குள்ள மூட்டு அரிச்சுப் போயிரும். முடக்குவாதத்துக்கு பாக்கற இன்னொரு ரத்த டெஸ்ட் ஆன்டி சிசிபி, அதை கொஞ்சம் நம்பலாம், ஆனா அதுவும் தனியா தீர்ப்பு சொல்றதில்ல. லூபஸ் மாதிரி நோய்க்கு பாக்கற ஏஎன்ஏ டெஸ்ட்டும் இதே கதைதான், கம்மி அளவுல நல்லா இருக்கற பல பேருக்கு பாசிட்டிவ் வரும். ஹெச்எல்ஏ பி27ங்கற மரபணு இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு முதுகு வாதம் வர்றதே இல்ல.

மூட்டு டாக்டர் மொதல்ல பாக்கறது காயிதத்தை இல்லீங்க, கையை. எந்த மூட்டு, எத்தனை மூட்டு, ரெண்டு பக்கமும் இருக்குதா, காலைல எந்திரிச்சா எவ்வளவு நேரம் மடக்க முடியாம விறைப்பா இருக்குது, சிக்குன்குனியா வந்துச்சான்னு எல்லாம் கேப்பாங்க. 2006ல நம்ம பக்கமெல்லாம் சிக்குன்குனியா வந்து மாசக்கணக்குல மொடங்கிக் கெடந்தவங்களுக்கு தெரியும், அது அச்சு அசல் முடக்குவாதம் மாதிரியே இருக்கும். நீங்க சொல்லாட்டி ஏஐக்கு அது எப்படித் தெரியும்? அது நம்ம குடுத்ததை மட்டுந்தான் பாக்குது, மூட்டை தொட்டுப் பாத்ததில்ல.

யூனிட்டு. இது அக்கவுண்ட்ஸ் பாக்கற எனக்கே மூணு மாசம் கழிச்சுத்தான் கண்ணுல பட்டுச்சு. சிஆர்பின்னு உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டற ஒரு ரத்த டெஸ்ட், ஒரு லேப்ல லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு போடுவாங்க, இன்னொரு லேப்ல டெசிலிட்டருக்குன்னு போடுவாங்க, ரெண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். அம்மாவுக்கு 24னு ஒரு லேப்ல, அடுத்த மாசம் வேற லேப்ல 2.4, ஏஐ பாத்துட்டு "நல்ல முன்னேற்றம், பத்துல ஒரு பங்கா கொறஞ்சிருக்கு"ன்னு வாழ்த்து வேற சொல்லுச்சு, ஆனா ரெண்டும் ஒரே அளவு. டாஸ் 28னு நோயோட வேகத்தை அளக்கற ஸ்கோர் ஒண்ணு இருக்குதே, அதுல 24 போட வேண்டிய எடத்துல 2.4 போட்டா ஸ்கோர் 0.7 பக்கம் எறங்கிரும், 3.2க்கு கொஞ்சம் மேல இருக்கறவங்க 2.6க்கு கீழ போயி நோய் அடங்கிருச்சுன்னு காட்டும்.

அழற்சியை காட்டற இன்னொரு ரத்த டெஸ்ட் ஈஎஸ்ஆர், அதையும் அப்படியே யோசிக்காம எடுத்துக்கக் கூடாது. லேப் சீட்டுல 0 முதல் 20 வரைக்கும்னு அச்சடிச்சிருப்பாங்க, அம்மாவுக்கு 34, செயலி செவப்பு கலர்ல காட்டுச்சு. பொம்பளைங்களுக்கு வயசோட 10 கூட்டி ரெண்டால வகுத்தா வர்றது ஏறக்குறைய மேல் அளவுன்னு ஒரு கணக்கு இருக்குது, 62 வயசுக்கு 36 வருது. ரத்தம் கம்மியா இருந்தாலும் ஈஎஸ்ஆர் ஏறும். தேதியையும் பாருங்க, 05/06ன்னா நமக்கு ஜூன் அஞ்சு, சில செயலிக்கு மே ஆறு, அப்பறம் கிராஃப் முன்னுக்குப் பின்னா போயிரும்.

டாஸ் 28ல இன்னொரு விசயம் இருக்குது, இதை யாரும் எனக்கு சொல்லல. 28ங்கறது 28 மூட்டு, தோள், முழங்கை, மணிக்கட்டு, கை வெரல், முழங்கால் அவ்வளவுதான். கணுக்கால் இல்ல, கால் வெரல் இல்ல, இடுப்பு இல்ல. அம்மாவுக்கு ஒரு ஆறு மாசம் வலியே பாதத்துலதான், செருப்பு போட முடியல, வரப்புல நடக்க முடியல, ஸ்கோர் 2.4, செயலி பச்சைக் கலர்ல "நோய் அடங்கிய நிலை"ன்னு காட்டுது. நானும் அம்மாவை "ஸ்கோர் நல்லாத்தான் இருக்கும்மா, வயசுக்கு வர்ற வலி"ன்னு சொல்லிட்டேன். அடுத்த தடவை போனப்ப டாக்டர் பாதத்தை பக்கவாட்டுல வெச்சு அமுக்குனதும் அம்மா கத்திட்டாங்க. ஸ்கேன்ல பாத்தா வெரல் மூட்டுல வீக்கம் நல்லாவே இருந்துச்சு. அதுல இருந்து நான் ஸ்கோரு எத்தனை வந்தாலும் செருப்பு போட முடியுதாம்மான்னு கேட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்.

செயலிங்க கேக்கற கேள்வியும் நம்ம ஊட்டுக்கு ஆனது இல்ல. உலகம் பூரா பயன்படுத்தற ஒரு கேள்வித்தாள்ல கறியை கத்தில வெட்ட முடியுதா, புது பால் அட்டைப்பெட்டியை பிரிக்க முடியுதான்னு இருக்கும், அதை அப்படியே தமிழ்ல மாத்திப் போட்டிருக்காங்க. அம்மா வெடிகாலைல நாலரைக்கு ரெண்டு மாட்டுல பால் கறக்கறவங்க, அவங்ககிட்ட போயி பெட்டி பிரிப்பீங்களான்னா "அதென்ன சாமி பெரிய சோலி, பிரிப்பேன்"னு சொல்லிருவாங்க, கஷ்டமில்லைன்னு பதிவாயிரும். கேக்க வேண்டியது, மடி புடிச்சு கறக்க முடியுதா, குத்த வெச்சு உக்காந்து எந்திரிக்க முடியுதா, குடத்தை இடுப்புல வெக்க முடியுதா, சேலைக் கொசுவம் மடிக்க வெரல் வருதா. நீங்களே இந்த மாதிரி அஞ்சு கேள்வி உங்க வீட்டுக்கு ஏத்தாப்ல எழுதி வெச்சுக்கங்க, மாசாமாசம் அதே கேள்வியை கேளுங்க, இது டாக்டருக்கு நல்லாவே உதவும்.

நம்ம பேச்சை அது புரிஞ்சுக்கறதுலயும் சிக்கல் வருது. வாதம்னு மட்டும் சொன்னா ஒரு தடவை பக்கவாதம்னு எடுத்துக்கிட்டு மூளை ஸ்கேன் எடுங்கன்னு சொல்லுச்சு. "கை மதமதன்னு இருக்குது"ன்னா மரத்துப் போறது, அது நரம்பு பக்கம் போகும், "மடக்க வரல, விறைப்பா இருக்குது"ன்னா மூட்டு பக்கம், கொடச்சல் வேற, கடுப்பு வேற. அம்மா குரல்ல பதிவு பண்ணி அனுப்புனா எல்லாத்தையும் வலின்னு ஒத்தை வார்த்தையா ஆக்கிருது. அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க, நம்ம ஊர் டாக்டருக்கு அது புரியும்.

இப்ப மாத்திரையை நிறுத்தறது. இதுலதான் நெறைய பேரு மாட்டிக்கறாங்க. ஏஐ கிட்ட "வலி இல்ல, மாத்திரையை நிறுத்தலாம்ல?"ன்னு கேட்டுப் பாருங்க, மெதுவா கொறைக்கறத பத்தி யோசிக்கலாம்னு நம்ம பக்கம் சாஞ்சு பேசும். அதையே வேற ஒரு சாட்ல "நிறுத்தினா ஆபத்தா?"ன்னு கேளுங்க, ஆபத்துன்னு பெரிய பட்டியலே போடும். கேக்கற தொனிக்கு ஏத்த மாதிரி பதில் மாறுது, அப்படி மாறுற பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாதுங்க. ஸ்டீராய்டு மாத்திரையை மாசக்கணக்குல போட்டுட்டு திடீர்னு நிறுத்துனா உடம்பு தானா சுரக்கற ஹார்மோன் ஒடனே ஈடு குடுக்காம போகலாம், மயங்கிக்கூட விழுந்துரலாம். குழந்தைக்கு பிளான் பண்ற பொண்ணுங்க மீத்தோட்ரெக்சேட்டை பத்தி கண்டிப்பா முன்னாடியே டாக்டர்கிட்ட பேசணும், சாட்ல கேட்டு முடிவு பண்ற விசயம் இல்ல. போன்ல, வீடியோல வைத்தியம் பாக்கறதுக்கு 2020ல மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டுதல்லயே ஏஐ தளங்கள் நேரடியா நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, டாக்டருக்கு உதவியா மட்டும் இருக்கலாம்னு இருக்குது.

மஞ்சளை பத்தியும் சொல்லணும், ஈரோட்டு மஞ்சள் வெளையற பூமில இருந்துக்கிட்டு இதை சொல்றதுக்கு சங்கடமாத்தான் இருக்குது. இயற்கையா ஏதாச்சும் சொல்லுன்னு கேட்டா ஏஐ ஒடனே மஞ்சள் கேப்சூல் சொல்லும். கொழம்புல போடற மஞ்சள்ல ஒண்ணும் ஆகாது, ஆனா சத்தை மட்டும் பிரிச்சு அடைச்ச அதிக வீரியமான கேப்சூல் எடுத்து ஈரல் கெட்ட நோயாளிங்களை பத்தி மருத்துவ இதழ்கள்ல வந்திருக்குது, மீத்தோட்ரெக்சேட்டும் ஈரலை பாத்துக்கிட்டே போட வேண்டிய மருந்து. போட்டுட்டு டாக்டர்கிட்ட சொல்லாம மறைக்கறது இன்னும் மோசம். செப்ட்ரான் மாதிரி ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், மீத்தோட்ரெக்சேட் போடறவங்களுக்கு ஆகாது, சளிக்கு மூத்திரக்கடுப்புக்குன்னு கேக்கறப்ப நீங்க போடற மாத்திரையை ஏஐ கிட்ட சொல்லாம விட்டா அதுவும் எச்சரிக்காம விட்டுரும்.

சில நேரத்துல டைப்பே பண்ணக் கூடாது, கெளம்பிரணும். ஒரே ஒரு மூட்டு திடீர்னு சூடா வீங்கி காய்ச்சலும் அடிச்சா சீழ் புடிச்ச மூட்டா இருக்கலாம், ரெண்டு மூணு நாள்லயே மூட்டை அழிச்சுரும். மீத்தோட்ரெக்சேட் போடறவங்களுக்கு வாய் பூரா புண்ணு, வறட்டு இருமலோட மூச்சு வாங்கறது, இதெல்லாம் அன்னைக்கே காட்டணும். நோய் எதிர்ப்பை கொறைக்கற ஊசி போடறவங்களுக்கு காய்ச்சல் விடாம இருந்தாலும் அப்படித்தான், டிபி டெஸ்ட் எடுக்காம அந்த ஊசியை ஆரம்பிக்கவே மாட்டாங்க, அதுக்குக் காரணம் இருக்குது.

ரிப்போர்ட் ஏத்தறப்ப பேரு, போன் நம்பர், ஆதார், அரசாங்க ஹெல்த் ஐடியான 14 இலக்க ஆபா நம்பர் எல்லாம் மறைச்சுட்டு ஏத்துங்க, நான் மேல ஒரு துண்டு காயிதம் வெச்சு போட்டோ எடுக்கறேன்.

இதெல்லாம் சொன்னதுனால நான் ஏஐயை விட்டுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. டாக்டரை பாக்க கெடைக்கறது அஞ்சு நிமிசம், அதுக்கு மொத நாள் பொழுதோட உக்காந்து அம்மா சொன்னதையெல்லாம் போட்டு "இதுல டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய நாலு கேள்வி எது"ன்னு கேப்பேன், நல்லாவே எடுத்துக் குடுக்குது. ஒரு ஷீட்டுல தேதி, டெஸ்ட், அளவு, யூனிட்டு, எந்த லேப்புன்னு அஞ்சு காலம், யூனிட்டை காலியா விடவே மாட்டேன். முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப். காலைல எந்திரிச்சதுல இருந்து கை சரளமா வர்ற வரைக்கும் எத்தனை நிமிசம்னு அம்மா சொல்லுவாங்க, "ரெண்டாவது மாடு கறக்கறப்பத்தான் வெரல் வந்துச்சு"ம்பாங்க, அதை நான் முக்கால் மணி நேரம்னு எழுதிக்குவேன். வெடிய எந்திரிச்சதும் கையையும் பாதத்தையும் ஒரு ஸ்கேல் பக்கத்துல வெச்சு போட்டோ எடுக்கறாங்க, ஏன்னா கோயமுத்தூர் போயி டோக்கன் வாங்கி உள்ள போறப்ப மணி பன்னெண்டு ஆயிருது, அதுக்குள்ள வீக்கம் பாதி வடிஞ்சிருது. நம்ம தோல் நெறத்துக்கு செவப்பு சரியா தெரியறதில்ல, அதனால மோதிரம் ஏறுதா, வெரல் முட்டி மேல சுருக்கம் தெரியுதான்னு பாத்து எழுதறது போட்டோவோட சேத்து வேணும்.

மாத்திரைக்கு இப்ப அலாரமே இல்ல. செவுத்துல தொங்கற நாள்காட்டில ஞாயித்துக்கெழமை தாளுல எல்லாம் வருசம் முழுக்க நானே பேனால வட்டம் போட்டுக் குடுத்துட்டேன், அம்மா மாத்திரை போட்டதும் அந்தத் தாளை கிழிச்சு அட்டைக்குள்ள சொருகி வெக்கறாங்க, நான் ஊருக்கு போறப்ப தாளையும் மாத்திரையையும் எண்ணிப் பாத்துக்கறேன்.