இன்க்ரெடிபாக்ஸ்ல உங்க முதல் மிக்ஸ்: ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்து

மியூசிக் கத்துக்கிட்டதே இல்ல, ஒரு வாத்தியம் கூட வாசிக்கத் தெரியாது, ஆனா எங்க உட்கார்ந்தாலும் விரல் தானா தாளம் போடும்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கு நான் முதல்ல கைகாட்டுறது இன்க்ரெடிபாக்ஸ் தான். கேம்னு பேர் இருந்தாலும் இதுல ஜெயிக்கறது தோக்கறது கிடையாது, டைமர் கிடையாது, வாயால போட்ட பீட்டுகளையும் பாட்டுத் துண்டுகளையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரு மிக்ஸ் பண்றீங்க, அவ்ளோதான். எதை வச்சாலும் சுருதி சேரும், தாளம் தப்பாது. அதனாலயே சிலர் "சின்னப் பசங்க விளையாட்டு"ன்னு அஞ்சு நிமிஷத்துல மூடிடறாங்க, எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. சுருதியையும் தாளத்தையும் கேமே பார்த்துக்கறதால உங்க கையில மிச்சம் இருக்கறது ஒரே வேலை, எந்த சவுண்டு எப்ப வரணும், எப்ப போகணும்னு முடிவு பண்றது. அரேஞ்ச்மென்ட்னு மியூசிக் பண்றவங்க சொல்றது இதைத்தான். அதை மட்டும் தனியா எடுத்துப் பழகறதுக்கு இவ்ளோ எளிமையா வேற ஒண்ணு நான் பார்த்ததில்ல.

கொஞ்சம் பின்கதை சொல்லிடறேன். இது பிரான்ஸ்ல இருக்கற சோ ஃபார் சோ குட்ங்கற சின்ன ஸ்டுடியோ பண்ணது, 2009ல முதல் வெர்ஷன் வந்துச்சு. அப்ப பிரவுசர்ல ஃப்ளாஷ்ல ஓடுற ஒரு வெப்சைட் தான், ஆப் எல்லாம் பின்னாடி வந்தது. மியூசிக் பக்கத்தைப் பார்த்துக்கறவர் பால் மால்புரே, அவர் மேடையில வச்சுக்கிட்ட பேர் இன்க்ரெடிபிள் போலோ, அதனால தான் ஸ்க்ரீன்ல நிக்கற அந்த உருவங்களை ரசிகர்கள் போலோன்னு கூப்பிடறாங்க.

ஸ்டெப் 1: எங்க ஆரம்பிக்கறது

இன்க்ரெடிபாக்ஸோட சொந்த வெப்சைட்டுக்குப் போனா பழைய வெர்ஷன்கள் கொஞ்சத்தை டெமோவா இலவசமா ஓட்டிப் பார்க்கலாம். முழுசா வேணும்னா ஃபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆப் இருக்கு, அது காசு குடுத்து வாங்கணும். முதல்ல டெமோ போதும், பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் யோசிங்க.

ஒண்ணு கவனம், இதே மாதிரி இருக்கற ரசிகர்கள் பண்ண வெர்ஷன்கள் நெட்ல நிறைய சுத்துது, 2024ல ஸ்ப்ரன்கின்னு ஒண்ணு பயங்கரமா பரவுச்சு. அதுல சிலது நல்லாவே இருக்கு, ஆனா அதை அசல் ஸ்டுடியோ பண்ணல, அதுல திகில் காட்சியும் வரும். சின்னக் குழந்தைக்குப் போட்டுக் குடுக்கறீங்கன்னா எதைத் திறந்திருக்கோம்னு பார்த்துட்டுக் குடுங்க.

ஹெட்ஃபோன் போடுங்க, இதை மட்டும் விட்டுடாதீங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல அடி சவுண்டு கேட்கவே கேட்காது, கிக்னு சொல்ற கனமான ட்ரம் அடியோட பலம் எல்லாம் 60, 80 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கு, அவ்ளோ சின்ன ஸ்பீக்கரால அதைத் தள்ள முடியாது. அப்புறம் "பீட்டே இல்லையே"ன்னு இன்னொரு பீட்டை மேல ஏத்துவீங்க, மிக்ஸ் அங்கேயே கெட்டுப் போயிடும். வயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோனே போதும். ப்ளூடூத்னா சவுண்டு ஒரு நொடிப்பொழுது லேட்டா வரலாம், உருவம் வாயசைக்கறதுக்கும் கேட்கறதுக்கும் கொஞ்சம் விலகின மாதிரி இருக்கும், மிக்ஸுக்கு அதனால ஒண்ணும் ஆகாது.

ஸ்டெப் 2: ஸ்க்ரீனைப் புரிஞ்சுக்கறது

நடுவுல 7 பேர் நிப்பாங்க. கீழ 20 ஐகான், பெரும்பாலான வெர்ஷன்கள்ல நாலு குரூப்பா, ஒவ்வொண்ணுலயும் 5. பீட்ஸ், எஃபெக்ட்ஸ், மெலடீஸ், வாய்சஸ். ஒரு ஐகானை இழுத்து ஒருத்தர் மேல விட்டா அவர் உடனே தொப்பியோ கண்ணாடியோ மாட்டிக்கிட்டு அந்த சவுண்டைப் போட ஆரம்பிச்சிடுவார். அவ்ளோதான் கன்ட்ரோல்.

"உடனே"ன்னு சொன்னேன்ல, அது பாதி தான் சரி. வேஷம் உடனே மாறும், சவுண்டு அடுத்த சுற்று ஆரம்பிக்கற வரைக்கும் காத்திருக்கும், அதுவரைக்கும் ஒரு சின்ன வட்டம் சுத்திட்டே இருக்கும். எல்லா சவுண்டும் சுற்றுக் கணக்குல திரும்பத் திரும்ப ஓடற லூப், அதனால புதுசா வர்றவர் நடுவுல குதிக்காம சுற்றோட முதல் அடியில சேர்ந்துக்கறார். தாளம் ஏன் தப்பவே மாட்டேங்குதுங்கறதுக்குப் பதில் இது தான், நீங்க எந்த நொடியில விட்டாலும் கேம் அதைச் சரியான இடத்துக்குத் தள்ளி வச்சிடுது. இதை முதல்லயே தெரிஞ்சு வச்சுக்கிட்டா பின்னாடி ரெக்கார்டிங்ல ரொம்ப உதவும்.

ஒரு உருவத்தைத் தொட்டா ரெண்டு விஷயம் பண்ணலாம். மியூட் போட்டா அவர் மட்டும் வாயை மூடிக்குவார். சோலோ போட்டா அவரைத் தவிர மத்த எல்லாரும் மூடிக்குவாங்க. மொத்தமா வேண்டாம்னா ஐகானை எடுத்துடலாம். எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்க ஒரு ரீசெட்டும் இருக்கு.

ஸ்டெப் 3: காதைத் தயார் பண்றது

இந்த ஸ்டெப்பைத் தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கறதும் இது தான்.

ஒரே ஒரு ஐகானை வைங்க. பீட்ஸ்ல முதலாவது. நாலு சுற்றாவது சும்மா கேளுங்க, எண்ணிக்கிட்டே கேளுங்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலு. கனமா "ப்"னு விழற அடி எந்த எண்ணுல வருது, "க்"னு வெட்டற அடி எதுல வருது, நடுவுல "ட்ஸ்"னு மெலிசா ஓடறது எங்க இருக்குன்னு பாருங்க. கிக், ஸ்னேர், ஹைஹாட்னு சொல்றது இந்த மூணைத்தான், பீட்பாக்ஸ், அதாவது வாயாலயே ட்ரம் போடறது, அதோட அடித்தளமே இவ்ளோதான். ரொம்ப சாதாரணமான பீட்ல கிக் 1லயும் 3லயும், ஸ்னேர் 2லயும் 4லயும் விழும், ஆனா நல்ல பீட்டுன்னா இதுலேர்ந்து எங்கேயாவது ஒரு இடத்துல விலகும், அந்த விலகல் தான் உங்க தலையை ஆட்ட வைக்குது. அதைக் கண்டுபிடிங்க.

அப்புறம் அதை எடுத்துட்டு ரெண்டாவது, மூணாவது, இப்படி இருபதையும் தனித்தனியா கேளுங்க. எது நெரிசலா இருக்கு, எதுக்கு நடுவுல இடைவெளி இருக்கு, எது கீழ்க்குரல், எது மேல்குரல்னு ஒரு பேப்பர்ல ஒரு வார்த்தை எழுதி வச்சுக்கங்க. சில சவுண்டு ரெண்டு சுற்று நீளம், முதல் சுற்று ஒரு மாதிரியும் ரெண்டாவது வேற மாதிரியும் போகும், அவசரமா கேட்டா பாதி தான் காதுல விழும். இருபதுலேர்ந்து ஏழை எத்தனை விதமா எடுக்கலாம்னு கணக்கு போட்டா 77,520 வருது, அத்தனையையும் யாரும் ஓட்டிப் பார்க்கப் போறதில்ல, ஒவ்வொரு சவுண்டும் தனியா எப்படி இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு அதுல நல்லதைத் தேடறது சுலபம்.

ஸ்டெப் 4: நாலு பேரை வச்சு ஒரு மிக்ஸ்

ஏழு இடம் இருக்கேன்னு ஏழையும் நிரப்பாதீங்க. முதல் மிக்ஸுக்கு நாலு தான், கண்டிப்பா நாலு தான்.

முதல்ல ஒரு பீட். அதுக்கு மேல இன்னொரு பீட், ஆனா முதலாவது கிக்கும் ஸ்னேருமா கனமா இருந்தா ரெண்டாவது மெலிசான ஹைஹாட் மாதிரி இருக்கணும், ரெண்டு கனமானது ஒரே அடியில விழுந்தா எதுவுமே தெளிவா கேட்காது. மூணாவது ஒரு மெலடி, பேப்பர்ல "இடைவெளி"ன்னு எழுதினதுல ஒண்ணை எடுங்க. நாலாவதா ஒரு வாய்ஸ். இப்ப கேளுங்க, மெலடியும் வாய்ஸும் ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தரும் சேர்ந்து பேசற மாதிரி இருக்கா? இருந்தா மெலடியை மாத்துங்க. ஒருத்தர் முடிச்ச இடத்துல இன்னொருத்தர் ஆரம்பிக்கற ஜோடி கிடைக்கற வரைக்கும் மாத்துங்க, கிடைச்ச நிமிஷம் உங்களுக்கே தெரியும், நாலே குரல்ல பாட்டு முழுசா நிக்கும்.

எஃபெக்ட்ஸை ஏன் விட்டேன்னு கேட்கலாம். அது தொடர்ந்து ஓடறதை விட அப்பப்ப வந்து போனா தான் எடுபடும், அடுத்த ஸ்டெப்ல அதுக்கு வேலை இருக்கு.

ஸ்டெப் 5: எடுக்கறது, சேர்க்கறது, காத்திருக்கறது

நாலு லூப் சேர்ந்து நல்லா ஓடுது, ஆனா ரெண்டு நிமிஷம் அதையே கேட்டா யாருக்கும் அலுத்துடும், ஏன்னா எதுவும் மாறல. இப்ப தான் உண்மையான வேலை ஆரம்பிக்குது.

ரீசெட் பண்ணிட்டு இப்படிப் போங்க. வாய்ஸை மட்டும் தனியா வைங்க, பீட் இல்லாம ரெண்டு சுற்று ஓடட்டும். அப்புறம் மெலிசான பீட், ரெண்டு சுற்று. அடுத்து மெலடி. கனமான பீட்டை இன்னும் கொண்டு வராதீங்க, கேட்கறவங்க அதுக்காக ஏங்கணும், நாலு சுற்று வரைக்கும் கூட இழுக்கலாம். அது விழற சுற்றுக்கு முந்தின சுற்றுல ஒரு எஃபெக்டை உள்ள விட்டு, கனமான பீட் வர்ற அதே நேரத்துல அதை வெளிய எடுங்க. இந்த ஒரு இடத்துக்காகத் தான் முன்னாடி அத்தனை சுற்று பொறுமையா இருந்தீங்க, இந்த இடத்துல உடம்பு தானா ஆடும்.

எல்லாம் உச்சத்துல இருக்கும்போது சோலோவைப் பயன்படுத்துங்க. எல்லாரும் சட்டுனு அமைதியாகி ஒரே ஒரு குரல் மட்டும் நிக்கும், ஒரு சுற்று அப்படியே விட்டுட்டு சோலோவை எடுத்தீங்கன்னா மொத்தக் கூட்டமும் திரும்ப வரும். புதுசா ஒரு ஐகான் கூட சேர்க்காமலே மிக்ஸ் பெருசான மாதிரி கேட்கும், காதுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அமைதி கிடைச்சதால தான் அது. எனக்கு இந்த கேம்ல ரொம்பப் பிடிச்ச பட்டன் சோலோ தான்.

மியூட்டுக்கும் எடுக்கறதுக்கும் எப்ப எதுன்னா, அதே சவுண்டு கொஞ்ச நேரத்துல திரும்ப வேணும்னா மியூட், அந்த இடத்துல வேற ஆள் வரணும்னா எடுத்துடுங்க. எடுத்துட்டு அதையே திரும்ப வச்சா மறுபடி அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கணும்.

முடிக்கும்போது வந்த வரிசையிலேயே ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பறது பாதுகாப்பான வழி, ஆனா கனமான பீட்டை முதல்ல அனுப்பிட்டு வாய்ஸைக் கடைசி வரைக்கும் வச்சிருந்து பாருங்க, எனக்கு அது தான் நல்லா இருக்கு.

ஸ்டெப் 6: ரெக்கார்டிங்

ரெக்கார்ட் பட்டனைத் தட்டிட்டு, மேல சொன்ன மொத்தத்தையும் நேரலையா வாசிக்கறீங்க. நீங்க வைக்கறது எடுக்கறது எல்லாம் அந்த நேரத்தோட பதிவாகும். சுற்று முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஐகானை விட்டுடுங்க, கடைசி நொடியில விட்டா நழுவி அடுத்த சுற்றுக்குப் போயிடும். முடிஞ்சதும் பேர் குடுத்து சேவ் பண்ணி லிங்க்கா அனுப்பலாம், ஆப்ல எம்பி3யாவும் எடுத்துக்கலாம். ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க.

போனஸ் பத்தி

ஒவ்வொரு வெர்ஷன்லயும் சில ரகசிய காம்போ இருக்கு, சரியான 5 ஐகான் சேர்ந்தா ஒரு அனிமேஷன் திறக்கும். நெட்ல விடை எல்லாம் கிடைக்கும், உடனே பார்த்துடாதீங்க. இருபதுல அஞ்சை 15,504 விதமா எடுக்கலாம், அதைத் தேடிக்கிட்டே இருக்கும்போது நீங்களா ஒருபோதும் சேர்த்திருக்க மாட்டாத சவுண்டெல்லாம் பக்கத்துல பக்கத்துல வரும், அதுல ரெண்டு மூணு ஜோடி போனஸை விட நல்லா இருக்கும். ஆட்டோமேட்டிக் மோடும் அதுக்கு உதவும், கேமே மாத்தி மாத்தி ஓட்டிட்டே இருக்கும், பிடிச்ச இடம் வந்தா யார் யார் இருக்காங்கன்னு குறிச்சுக்கங்க.

அடுத்து எந்த வெர்ஷன்

முதல் வெர்ஷன் ஆல்ஃபால பீட்பாக்ஸ் தான் அப்பட்டமா கேட்கும், பழகறதுக்கு அது நல்லது. அப்புறம் பிரேசில்னே பேர் வச்ச ஒண்ணு, ஜப்பான் சாயல்ல அலைவ், 2020ல வந்த இந்தியச் சாயல் ஜீவன், இருட்டான எதிர்கால உலகத்துல நடக்கற டிஸ்டோபியா. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவறதுக்கு முன்னாடி ஒரே வெர்ஷன்ல மூணு மிக்ஸாவது பண்ணிடுங்க, சவுண்டுங்க மனசுல பதிஞ்சா தான் கை யோசிக்காம போகும்.

ஸ்டெப் 7: உங்க வாயைச் சேர்க்கறது

இது கேமுக்கு வெளிய, ஆனா இங்க வந்து நின்னுட்டா பாதி சந்தோஷத்தை விட்டுட்டுப் போறீங்க. நியூயார்க்ல 1980கள்ல ஹிப் ஹாப் வளர்ந்தப்ப டக் ஈ ஃப்ரெஷ், ஃபேட் பாய்ஸ் குழுவோட பஃபி மாதிரி ஆளுங்க வெறும் வாயாலயே ட்ரம் மெஷின் பண்றதைப் பண்ணிக் காட்டினாங்க, அந்த வழியில வந்தது தான் இந்த கேம்ல நீங்க கேட்கறது.

உதட்டை இறுக்கி மூடி, குரலைப் போடாம, காத்து வெடிக்கற மாதிரி "ப்". நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னாடி வச்சு "ட்ஸ்". நாக்கோட பின்பக்கத்தால "க்". வரிசையா ப், ட்ஸ், க், ட்ஸ். தொண்டையிலேர்ந்து சத்தம் வந்தா சீக்கிரம் களைச்சுடுவீங்க, உதடும் நாக்கும் மட்டும் வேலை செய்யட்டும், "க்"ல மூச்சை உள்ள இழுக்கப் பழகினா நிறுத்தாமலே போகலாம்.

இப்ப உங்க மிக்ஸைத் திறந்து பீட்ஸ் ஐகான் வச்சவங்க எல்லாரையும் மியூட் பண்ணுங்க, மெலடியும் வாய்ஸும் மட்டும் ஓடட்டும், அந்தக் காலி இடத்துல நீங்க போடுங்க. வேகம் பிடிபடலைன்னா ஹைஹாட்டை விட்டுட்டு 1லயும் 3லயும் "ப்", 2லயும் 4லயும் "க்"னு மட்டும் ஆரம்பிங்க. நிலையா வந்தப்புறம் "ட்ஸ்"ஸை நடுவுல சேருங்க, சந்தேகம் வந்தா மியூட் பண்ணவங்கள்ல ஒருத்தரை மட்டும் ஒரு சுற்று திறந்து, உங்க அடியும் அவரோடதும் ஒண்ணா விழுதான்னு பார்த்துக்கங்க.