சிலிண்டரைக் கழற்றும் முன்: பிஸ்டன் ரிங் தேய்வை உறுதிசெய்யும் முறை

செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் உள்ள லைகமிங் ஓ-320 எஞ்சினில் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருந்து வாயு கசியாமல் தடுக்கும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது என்ற ஐயம் எழுந்தால், காற்றழுத்தக் கசிவுச் சோதனையே முதல் படி. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, எரிபொருளையும், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவேண்டும். பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சிக்குக் கொண்டுவரும்போது முதலில் 20 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு) அளவுக்கே காற்றைச் செலுத்தி, புரொப்பெல்லரை அதன் இயல்பான சுழற்சித் திசையில் நகர்த்தினால் ரிங்குகள் பள்ளங்களில் சரியாக அமரும். அதன்பிறகே 80 பி.எஸ்.ஐ.க்கு உயர்த்தவேண்டும். அந்த அழுத்தம் பிஸ்டன்மீது 1,600 பவுண்டுக்கு மேற்பட்ட விசையாக விழுவதால், புரொப்பெல்லரை உறுதியாகப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

சோதனைக் கருவியின் முதல் அளவுமானி செலுத்தும் அழுத்தத்தையும், இரண்டாவது சிலிண்டரில் தங்கும் அழுத்தத்தையும் காட்டும். இரண்டாவது அளவுமானி 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே காட்டினால் அது வழக்கமான எல்லையைத் தாண்டியதாகும். சிலிண்டர்களுக்கிடையே 5 பி.எஸ்.ஐ. வேறுபாடு இயல்பானது, 10 முதல் 15 வரை இருந்தால் காரணத்தைத் தேடவேண்டும். ஆனால் அளவுமானி காட்டும் எண்ணிக்கையைவிடக் காற்று எங்கே சீறுகிறது என்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. அதை போரோஸ்கோப்பால் (சிலிண்டருக்குள் நுழைத்துப் பார்க்கும் கருவி) பார்க்காமல் விமானத்தைப் பறக்கவிடக் கூடாது. ஆயில் ஊற்றும் வாயிலோ, எஞ்சினின் உட்புற வாயு வெளியேறும் பிரீதர் குழாயிலோ கேட்டால் ரிங்குகளின் வழியாகக் கசிகிறது. நல்ல ரிங்கிலும் சிறிதளவு கசிவு இருக்கும் என்பதால், ஒருமுறை எண் குறைந்ததற்காகச் சிலிண்டரைக் கழற்றாமல், சில மணிநேரம் பறந்தபின் மீண்டும் சோதிப்பதே முறை.

மற்றச் சான்றுகளும் ஒத்துவரவேண்டும். குதிரைத்திறனை 0.006ஆலும் 4ஆலும் பெருக்கி 7.4ஆல் வகுத்தால், மணிக்குச் செலவாகக்கூடிய ஆயிலின் உச்ச வரம்பு குவார்ட் (ஏறத்தாழ 0.95 லிட்டர்) கணக்கில் கிடைக்கும். 160 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது ஏறத்தாழ அரை லிட்டர். ஆயில் செலவு அதை நெருங்கி, கீழ்ப் பிளக்குகள் ஆயிலில் நனைந்து, ஆயில் பகுப்பாய்வில் இரும்பும் குரோமியமும் ஏறிவந்தால் தேய்வு உறுதி. கூடவே தூசியின் அடையாளமான சிலிக்கானும் ஏறியிருந்தால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புதிய ரிங்கைப் பொருத்தினால் அதையும் தூசி அரித்துவிடும்.

புதிய ரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது, குரோம் பூசிய சிலிண்டரில் குரோம் ரிங்கை ஒருபோதும் பொருத்தக் கூடாது. பொருத்தியபின் மினரல் ஆயிலில், 65 முதல் 75 விழுக்காடு ஆற்றலில் பறக்கவேண்டும். குறைந்த ஆற்றலில் ஓட்டினால் சிலிண்டர் சுவர் பளபளப்பாகி ரிங் அமராமலே போகும். ஆயில் செலவு நிலைப்படும்வரை, அல்லது 50 மணிநேரம்வரை, இதே முறையைத் தொடரவேண்டும்.