முதலில் உப்பைக் கழுவுங்கள்: பழைய இரும்புத் தளபாடங்களுக்குப் புதுப் பெயின்ட்

திருகோணமலை நகரத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் சற்று நேரத்தில் கடல் வந்துவிடும். இந்த ஊரில் வாசலில் போட்ட இரும்புக் கதிரை கறள் பிடிப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கறளை மேலோட்டமாகச் சுரண்டி, அன்றைக்கே பெயின்டும் அடித்து, மாரி வந்து கொப்புளம் கிளம்பியதும் பெயின்ட் கடைக்காரரைத் திட்டுகிறோமே, அதுதான் ஆச்சரியம்.

பெரும்பாலும் பெயின்ட் நல்லதாகவே இருந்திருக்கும். அதன் அடியில் உப்பு இருந்திருக்கும். பெயின்ட் எவ்வளவு நன்றாகக் காய்ந்தாலும் ஈரம் அதனூடாக மெல்ல மெல்லப் புகும். கீழே உப்பு இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் கறள் மறுபடி தொடங்கி, மேலே கொப்புளமாகத் தெரியும். ஆகவே இந்தச் செய்முறையில் பாதி வேலை முடியும்வரை பெயின்ட் டின்னைத் திறக்கவே மாட்டோம்.

எதை வாங்குவது

பாவித்த பொருட்கள் விற்கும் கடைகளிலும் பழைய இரும்பு எடுப்பவர்களிடமும் மடக்குக் கதிரை, கட்டில், அலுவலக அலுமாரி, தோட்டத்து மேசை என்று தேடினால் கிடைக்கும். பழைய இரும்பு எடுப்பவர் அதை நிறுத்து வாங்கியிருப்பார் என்பதை விலை பேசும்போது நினைவில் வையுங்கள். "இது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டில்" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். பிரித்தானியரின் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கைமாறியது. விற்பவர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால், கப்பலேறியவர்கள் ஊருக்கு ஆயிரக்கணக்கில் கட்டில்களை விட்டுப்போயிருக்க வேண்டும்.

கையோடு ஒரு காந்தமும் சிறிய ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் அலுமினியம். ஒட்டினாலும், மேற்பரப்பு சாம்பல் நிறத்தில் பூப்பூவாக மின்னினால் அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இந்த இரண்டின் மேலும் சாதாரண எனாமல் பெயின்டை நேரடியாக அடித்தால் கொஞ்ச நாளில் தோலாக உரிந்து வரும். அவற்றுக்கென்று தனிப் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இருக்கிறது. கடையில் உலோகத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். முதல் முயற்சிக்குச் சாதாரண இரும்பே நல்லது.

ஸ்க்ரூ டிரைவரின் முனையால் கால்களின் அடிப்பகுதியையும் வெல்டிங் மூட்டுகளையும் குத்திப் பாருங்கள். குழாய்க் கால்கள் உள்ளே தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரிபடும். வெளியே பார்த்தால் தெரியாது. முனை உள்ளே போய்விட்டால், வெல்டிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வெல்டிங் செய்வதென்றால் பெயின்டுக்கு முன் செய்ய வேண்டும். ஓட்டையை எந்தப் பெயின்டும் அடைக்காது.

எப்போது தொடங்குவது

ஐப்பசி முதல் தை வரையிலான மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆண்டின் நடுப்பகுதிதான் நமக்கு வாய்ப்பான காலம். ஆனால் அப்போது கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும் என்பதால், காற்று எழுமுன் காலையிலேயே பெயின்ட் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். நிழலில் அடியுங்கள். வெயிலில் சுட்ட இரும்பில் அடித்த பெயின்ட் மேலே மட்டும் சட்டென்று ஆடைகட்டிச் சுருங்கும். மாலையில் அடித்தால் இரவுப் பனி விழுந்து பளபளப்பு மங்கும்.

கழுவுவது, தேய்ப்பது, மறுபடியும் கழுவுவது

மெத்தை, ரப்பர் கால் மூடி, திருகாணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கறள் பிடித்த திருகாணிகளை ஓர் இரவு வினாகிரியில் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி வையுங்கள்.

தேய்க்கத் தொடங்கும் முன் கழுவ வேண்டும். உப்பும் எண்ணெய்ப் பசையும் இருக்கும்போதே தேய்த்தால், அவற்றை நாமே இரும்புக்குள் அழுத்திவிடுகிறோம். சலவைத்தூள் கரைத்த தண்ணீரால் நன்றாக உரசிக் கழுவுங்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வெளியே கிடந்த கதிரை என்றால் வெயிலுக்குப் பூசும் கிரீமின் பசை அதில் படிந்திருக்கும். இரண்டு தடவை கழுவுங்கள். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும். கடலோரக் கிணறுகளில் உவர்த்தண்ணீர் உண்டு. அதில் அலசினால் கழுவிய உப்பைத் திருப்பிப் பூசுவதாகிவிடும்.

காய்ந்த பிறகு கம்பி பிரஷ்ஷால் உதிரும் கறளை எடுங்கள். அதன் பின் 80 இலக்கச் சாண்ட் பேப்பர், தொடர்ந்து 120. இறுகப் பிடித்திருக்கும் பழைய பெயின்டை முழுவதும் உரிக்கத் தேவையில்லை. அதன் பளபளப்பு மங்கும்படி 220 இலக்கத்தால் தேய்த்தால் போதும். உரிந்த இடத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாக வர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்துக்கு வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. வயதான பொருளை உலரத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வகைச் சாண்ட் பேப்பரை வாங்குங்கள். முகக்கவசம் அணியுங்கள், சிறுபிள்ளைகளை அருகில் விடாதீர்கள், கீழே பழைய பத்திரிகை விரித்துத் தூளையும் சேற்றையும் அதிலேயே சுருட்டி எடுங்கள்.

தேய்த்து முடிந்ததும் மறுபடியும் குழாய்த் தண்ணீரால் அலசுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. கறள் தின்ற சின்னச் சின்னக் குழிகளின் அடியில் உப்பு ஒளிந்திருக்கும். கறளை எடுத்த பிறகுதான் தண்ணீர் அதுவரை போய்ச்சேரும். அலசி, துணியால் ஒற்றி, வெயிலில் விரைவாகக் காயவிடுங்கள். ஓர் இரவு விறாந்தையில் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். மேற்பரப்பு முழுவதும் இலேசாக மஞ்சள் படர்ந்திருந்தால் பயமில்லை. குழிகளில் மட்டும் கறுப்பாக, ஈரம் கசிந்ததுபோல் புள்ளிகள் தெரிந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அந்த இடங்களைத் திரும்பத் தேய்த்து அலசுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

பிரைமர்

குழிகளில் கறுப்புப் புள்ளி எதுவும் தெரியாத காலையில், அந்த மஞ்சளை 120 இலக்கத்தால் ஒரு தடவை தேய்த்து எடுத்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உடனே பிரைமர் அடியுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் காற்றிலுள்ள உப்பு முந்திக்கொள்ளும்.

எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் கிடைப்பது ரெட் ஒக்சைட். அதன் செந்நிறத்தைத் தருவதும் இரும்பு ஒக்சைட்தான். கறளைத் தடுக்கக் கறளின் ஒன்றுவிட்ட தம்பியே வருகிறான். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு அது போதும். வெளியே வைப்பதற்கு சிங்க் பொஸ்பேட் உள்ள பிரைமர் கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

முதலில் சிறிய பிரஷ்ஷால் விளிம்புகள், வெல்டிங் மூட்டுகள், திருகாணி ஓட்டைகள் ஆகியவற்றுக்கு மட்டும் அடியுங்கள். கூர்மையான விளிம்பிலிருந்து ஈரப் பெயின்ட் பின்வாங்கி மெலிந்துவிடும். கறள் முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும். அது காய்ந்த பின் முழுவதற்கும் இரண்டு கோட். குழாய்க் காலின் திறந்த முனைக்குள்ளும் கொஞ்சம் பிரைமரை ஊற்றி, சுழற்றி, வடியவிடுங்கள்.

இனித்தான் நிறம்

வெயிலில் வைக்கும் கதிரைக்குக் கடும் நிறம் வேண்டாம். சித்திரை மத்தியானத்தில் கறுப்பு இரும்பில் உட்கார்ந்து பார்த்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் நீலம் போதிய அளவுக்கு இருக்கிறது என்பது என் கருத்து. வெளிர்மஞ்சளையோ இளம்பச்சையையோ ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

எனாமலைக் குலுக்காமல், தடியால் அடிமட்டத்திலிருந்து கலக்குங்கள். கட்டி இருந்தால் பழைய நைலோன் துணியில் வடியுங்கள். தின்னர் எவ்வளவு, எந்த வகை என்பதை டின்னில் எழுதியிருப்பார்கள்; அதற்கு மேல் விடாதீர்கள். கதிரையைக் கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தையும் கால்களையும் முடித்துவிட்டு நிமிர்த்துங்கள். தடிப்பான ஒரு கோட்டை விட மெல்லிய இரண்டு மூன்று கோட் உறுதி. ஒவ்வொன்றுக்கும் இடையே ஓர் இரவு விடுங்கள்; அடுத்ததற்கு முன் 320 இலக்கத்தால் இலேசாகத் தடவித் தூசு துடையுங்கள். ஒரு கதிரைக்குக் கால் லீட்டர் டின் பொதுவாகப் போதும்.

வளைவுகளும் வலைப்பின்னலும் உள்ள தோட்டத்துக் கதிரைக்கு ஸ்ப்ரே டின் வசதி. 25 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே அடிக்க வேண்டும். காற்றடிக்கும்போது வேண்டாம், பாதி நிறம் பக்கத்து வீட்டு மதிலுக்குப் போய்விடும். புதிதாக அடித்த எனாமலின் மேல் வேறு வகை ஸ்ப்ரே அடித்தால் அடிக்கோட் சுருங்கிக் கிளம்பலாம். தொடக்கத்திலிருந்தே ஒரே வகையில் நில்லுங்கள்.

காயும் பொருளை வீதியோரத்தில் விடாதீர்கள். நகரத்தில் திரியும் மான்கள் வந்து உரசிப் பார்க்கும். காகங்கள் செய்வதைச் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயவிட்டு எறியுங்கள். எண்ணெய்ப் பெயின்ட் ஊறிய துணி குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

பூட்டுவது

மறுநாளே தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் உள்ளே இறுகவில்லை. ஒரு வாரமாவது பாரம் வைக்காதீர்கள். பிறகு திருகாணிகளைப் பூட்டி, மடக்கும் இடங்களுக்குக் கொஞ்சம் கிரீஸ் இட்டு, புது ரப்பர் மூடிகளைப் போடுங்கள். பழைய மூடிகள் வெடித்திருந்தால் மறுபடி பாவிக்காதீர்கள். தண்ணீர் ஏறுவதே அந்த வழியாகத்தான்.

மீந்த பெயின்டை சாக்கடையில் ஊற்றாமல், டின்னை இறுக மூடி நிழலில் வையுங்கள். ஆண்டுதோறும் புரட்டாதியில் கதிரையை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவி, கீறல் விழுந்த இடங்களைத் தேய்த்து, பிரைமர் தொட்டு வைத்து, அதே டின்னிலிருந்து நிறத்தையும் தொட்டு வைத்தால் மாரிக்கு அது தயார்.